சிகாகோவிலிருந்து சாண்டா மோனிக்கா வரை: குழு நடைச் சவாலைக் கணக்குப் பிசகாமல் நடத்தும் முறை

1928 மார்ச் 4 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க்கை நோக்கி 199 பேர் ஓடத் தொடங்கினார்கள். சிகாகோ வரை அவர்கள் ஓடிய பாதையின் பெரும்பகுதி, 1926-இல்தான் உருவாக்கப்பட்டிருந்த 66-ஆம் எண் நெடுஞ்சாலை. 55 பேர் மட்டுமே கடைசிவரை தாக்குப்பிடித்த அந்தப் போட்டியில், ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஆண்டி பெய்ன் என்ற இருபது வயது செரோக்கி இளைஞர் 3,400 மைலுக்கும் அதிகமான தூரத்தை 84 நாள்களில் ஓடி முடித்து 25,000 டாலர் பரிசை வென்றார். நாளொன்றுக்குச் சராசரி 40 மைலுக்கு மேல். அதே 84 நாள்களில், அதாவது பன்னிரண்டு வாரங்களில், பத்துப் பேர் கொண்ட ஒரு குழு, சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய சாண்டா மோனிக்கா வரை நீண்ட அந்த நெடுஞ்சாலையின் 2,448 மைல்களையும், அவரவர் இடத்திலேயே நடந்த தூரத்தைக் கூட்டி வரைபடத்தில் கடக்க வேண்டுமென்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 2.9 மைல் போதும். தனியொருவருக்கு எட்டாத சாலை பத்துப் பேருக்குச் சாதாரண அன்றாட நடையாகிவிடுகிறது. வரைபடத்தின் மேல் நடத்தப்படும் குழுப் பயணத்தின் கவர்ச்சி முழுவதும் இந்த வகுத்தலில்தான் இருக்கிறது.

ஆகவே, எந்தச் செயலியைப் பயன்படுத்துவது, வெற்றிபெறும் அணிக்கு என்ன பரிசு தருவது என்ற கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு, முதலில் கணக்கில் உட்கார வேண்டும். தூரம், ஆள்கள், நாள்கள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் தொடங்கப்படும் சவால், எவ்வளவு ஆரவாரமாகத் தொடங்கினாலும், மூன்றாவது வாரத்தைத் தாண்டுவது கடினம்.

முதலில் ஆள்கள், பிறகு வழி

பெரும்பாலான அமைப்பாளர்கள் அழகான ஒரு பாதையை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு ஏற்ப ஆள்களை விரட்டுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். சவால் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில், எந்த மாற்றமும் செய்யாமல் வழக்கம்போல் நடக்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டு, அந்த ஏழு நாள்களின் காலடி எண்ணிக்கையை மட்டும் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்த வாரச் சராசரி நாளொன்றுக்கு ஆளுக்கு 2.4 மைல் என்று வந்தால், 2.9 மைல் என்ற இலக்கு சற்று எம்பிப் பிடிக்கக்கூடியது, 1.5 மைல் என்று வந்தால் அதே இலக்கு ஏறத்தாழ இரட்டிப்பு நடையைக் கேட்பதாகும், அங்கே வாரங்களைக் கூட்டுவதோ வழியைச் சுருக்குவதோதான் நேர்மையான செயல்.

குழு சிறியதாக இருந்தால் 66-ஆம் எண் சாலையைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. மிசிசிப்பி மாநிலத்தின் நாச்செஸிலிருந்து டென்னசியின் நாஷ்வில் பகுதி வரை செல்லும் நாச்செஸ் டிரேஸ் பார்க்வே 444 மைல் நீளமுள்ளது. ஆறு பேர் நான்கு வாரங்களில் அதைக் கடக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 2.6 மைல் நடந்தால் போதும். வர்ஜீனியாவிலிருந்து வட கரோலினா வரை மலைமுகட்டோடு செல்லும் புளூ ரிட்ஜ் பார்க்வேக்கு வேறொரு வசதி உண்டு: 469 மைல் நீளமுள்ள அந்தச் சாலையில் சுழியம் தொடங்கி மைலுக்கு மைல் எண்ணிட்ட கற்கள் நடப்பட்டிருப்பதாலும், வழியிலுள்ள காட்சியிடங்கள் அந்த எண்களைக் கொண்டே குறிக்கப்படுவதாலும், உங்கள் குழுவின் கூட்டுத்தொகை 217 என்றால் 217-ஆம் மைல்கல்லை நேரடியாகத் தேடிப் பார்த்துவிடலாம். முதன்முறை அமைப்பாளருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

66-ஆம் எண் சாலையைத்தான் எடுப்பது என்று முடிவு செய்தால், அதன் நீளம் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. 2,448 மைல் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். ஆனால் பாதியிடம் என்று பெயர்பெற்ற டெக்சாஸின் ஏட்ரியன் சிற்றூரில் உள்ள பலகை, சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் தலா 1,139 மைல் என்று காட்டுகிறது, இரண்டையும் கூட்டினால் 2,278தான் வருகிறது. காலப்போக்கில் சாலை பலமுறை தடம் மாற்றப்பட்டதால் அளவுகளும் வேறுபடுகின்றன. போதாக்குறைக்கு, 1985-இல் அது தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதால், வழிகாட்டிச் செயலியில் இரு ஊர்களைக் கொடுத்தால் அது பழைய சாலையை விட்டு அருகிலுள்ள விரைவுச்சாலைத் தூரத்தையே பெரும்பாலும் காட்டும். எனவே எல்லா ஊர்களின் தூரங்களையும் ஒரே மூலத்திலிருந்து எடுங்கள். இரண்டு மூலங்களைக் கலந்தால், என்றோ ஒரு திங்கட்கிழமை குழு பின்னோக்கி நடந்ததாகக் கணக்கு காட்டும்.

மைல்கற்களாக அறிவிக்கும் இடங்களின் இடைவெளியையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். நாளொன்றுக்கு மொத்தம் 29 மைல் நகரும் குழு, 13 மைல் மட்டுமே நீளமுள்ள கேன்சஸ் பகுதியை அரை நாளில் தாண்டிவிடும். ஆனால் சுமார் 400 மைல் நீளும் ஓக்லஹோமாவில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கிடக்கும். மாநில எல்லைகளை மட்டும் மைல்கல்லாக வைத்தால் அந்த இரண்டு வாரங்களில் அறிவிக்க எதுவும் இருக்காது, ஆர்வமும் அங்கேதான் வடியும். கட்டூசாவின் நீலத் திமிங்கிலச் சிலை, 1898-இல் கட்டப்பட்ட ஆர்கேடியாவின் வட்டக் களஞ்சியம், கிளின்டன் நகரின் நெடுஞ்சாலை அருங்காட்சியகம் போன்ற சிறு நிறுத்தங்களைச் செருகி, மூன்று நான்கு நாள்களுக்கு ஓரிடம் என்ற கணக்கில் வழியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

காலடியை மைலாக்குவது

ஒரு மைல் என்பது 1,609 மீட்டர். பெரியவர்கள் பெரும்பாலோருக்கு அது 2,000 முதல் 2,500 காலடிகளுக்குள் அடங்கும். எல்லோருக்கும் 2,000 என்று ஒரே எண்ணை விதித்துவிடுவது அமைப்பாளருக்கு எளிது, நடப்பவர்களுக்கு நியாயமன்று. உயரமானவரின் எட்டும் குள்ளமானவரின் எட்டும் ஒன்றல்ல. ஒவ்வொருவரும் தம் எண்ணைத் தாமே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 400 மீட்டர் ஓடுதளத்தின் உள்வரிசையில், வேகத்தைக் கூட்டாமல் இயல்பான நடையில் நான்கு சுற்று நடந்து, அதன்பின் இன்னும் 9 மீட்டர் சென்றால் ஒரு மைல் ஆகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் கருவி காட்டும் எண்களின் வித்தியாசமே அவருடைய மைலுக்கான காலடி எண்ணிக்கை. ஒருவருக்கு 2,150 என்றும் இன்னொருவருக்கு 2,480 என்றும் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்: இருவரும் ஒரு நாளில் 6,000 காலடி வைத்தால் முன்னவருக்கு 2.79 மைலும் பின்னவருக்கு 2.42 மைலும் சேரும், 84 நாள்களில் அந்த இடைவெளி 31 மைலாக விரியும்.

கருவிகளும் பிசகும். தள்ளுவண்டியைப் பிடித்தபடி நடக்கும்போது கை அசையாததால் கைக்கடிகாரம் பல காலடிகளை விட்டுவிடுகிறது, மேசை மேல் கிடக்கும் கைப்பேசியோ வீட்டுக்குள் நடக்கும் நடை எதையும் அறிவதில்லை. இந்தச் சில்லறைப் பிழைகளைத் துரத்த வேண்டாம். சவால் முழுவதும் ஒரே கருவியைப் பயன்படுத்துவது, கைப்பேசி எண்ணையும் கடிகார எண்ணையும் ஒன்றாகக் கூட்டாமலிருப்பது என்ற இரண்டு விதிகளே போதும். நாள் முழுவதும் வைக்கும் காலடிகளை எண்ணுவதா, நடைப்பயிற்சிக்கென்று கிளம்பிய நேரத்தை மட்டும் எண்ணுவதா என்பதையும் முதல் நாளே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். நாள் முழுவதையும் எண்ணுவதே என் தேர்வு. படியேறுவதும் கடைக்குப் போய்வருவதும் கணக்கில் வரும்போதுதான், நடைக்கென்று தனியே நேரம் ஒதுக்க முடியாதவர்களும் குழுவில் மதிப்போடு நிற்கிறார்கள்.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடி என்று யாராவது கட்டாயம் குரலெழுப்புவார். அந்த எண், 1965-இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததன்று. ஐ-மின் லீ தலைமையில் வயது முதிர்ந்த பெண்களைக் கொண்டு செய்யப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், காலடிகள் கூடக்கூட இறப்பு விகிதம் குறைந்து, சுமார் 7,500-ஐ ஒட்டி அந்தப் பயன் சமநிலை அடைந்தது. 2.9 மைல் என்ற இலக்கு பலருக்கு 6,000 முதல் 7,000 காலடிக்குள் வருவதால், அதைக் கூச்சமின்றி முன்வைக்கலாம்.

நடக்க இயலாதவர்களுக்கும் வேறு பயிற்சி செய்பவர்களுக்கும் நேரக் கணக்கே பொருந்தும். மணிக்கு மூன்று மைல் என்ற இயல்பான நடையில் ஒரு மைலுக்கு 20 நிமிடம் ஆவதால், சக்கர நாற்காலியில் செல்வது, நீந்துவது, மிதிவண்டி ஓட்டுவது எதுவாயினும் 20 நிமிடத்துக்கு ஒரு மைல் என்று பதியலாம். மிதிவண்டிக்கு மட்டும் அது கடந்த உண்மைத் தூரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு மைலைச் சேர்த்துவிடும் ஒருவருக்கு முன்னால், நடப்பவர்களின் மூன்று மைல் அற்பமாகிப் போகும்.

கணக்கேடு

இதற்குக் கட்டணச் செயலி தேவையில்லை, எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு விரிதாள் போதும். அதில் இரண்டு தாள்கள் இருக்கட்டும். முதல் தாளில் தேதி, பெயர், காலடிகள், நிமிடங்கள், மைல் என்ற ஐந்து பத்திகள். காலடியை அவரவர் எண்ணால் வகுத்தும் நிமிடத்தை 20-ஆல் வகுத்தும் மைல் பத்தி தானாக நிரம்ப வேண்டும். இரண்டாம் தாளில் தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் உள்ள மொத்த மைலும் ஊரின் பெயரும்: சிகாகோவுக்கு 0, இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஏறத்தாழ 200, செயின்ட் லூயிஸுக்கு ஏறத்தாழ 300 என்று ஏறுவரிசையில் செல்லும். பட்டியலில் ஓர் எண்ணைத் தேடி எடுக்கும் VLOOKUP சூத்திரத்தின் கடைசி மதிப்பை TRUE என்று வைத்தால், குழுவின் கூட்டுத்தொகை 310 ஆக இருக்கும்போது அது குழு கடைசியாகத் தாண்டிய ஊரான செயின்ட் லூயிஸை எடுத்துக் காட்டும். ஊர்ப் பட்டியல் ஏறுவரிசையில் இல்லாவிட்டால் சூத்திரம் எந்தப் பிழைச் செய்தியும் தராமல் தவறான ஊரைக் காட்டும் என்பதால், புதிய நிறுத்தம் ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் வரிசைப்படுத்திவிட வேண்டும்.

ஒருவரின் பங்குக்கு நாளொன்றுக்கு ஓர் உச்சவரம்பு விதிப்பது பலருக்கு உறுத்தலாக இருக்கும், ஆயினும் அதை விடாப்பிடியாக வலியுறுத்துவேன். மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கும் ஒருவர் ஒரே நாளில் 15 மைல் பதிந்தால், குழுவின் அன்றைய 29 மைலில் பாதியை அவரே கொண்டுவந்துவிடுகிறார். அரை மைல் நடந்துவிட்டு வந்தவருக்கு, தன் பங்கு இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்று தோன்றிவிடும். அதிகம் நடந்தவர் முழுத் தூரத்தையும் பதியட்டும், வரைபடத்துக்குப் போவது 8 மைல் மட்டும் என்று இருக்கட்டும். பல அணிகள் போட்டியிட்டால் கூட்டுத்தொகையை ஒப்பிடாமல் தலைச் சராசரியை ஒப்பிடுங்கள். அந்தச் சராசரிக்கு வகுக்கும் எண், பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையாக இல்லாமல் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறைவாக நடந்த வாரத்தில் பதியாமலிருப்பதே அணிக்கு லாபம் என்றாகிவிடும்.

வாரப் பதிவை ஞாயிறு இரவோடு மூடி, திங்கள் காலையில் குழு நிற்கும் இடத்தை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அறிவியுங்கள். அறிவிப்பில் மைல் கணக்கு ஒரு வரி, இடத்தைப் பற்றி இரண்டு வரி. செயின்ட் லூயிஸ் என்றால் 1965-இல் கட்டி முடிக்கப்பட்ட 630 அடி உயர வளைவு. அமரில்லோவைத் தாண்டினால், 1974-இல் மூக்கு மண்ணுக்குள் போகப் புதைத்து நிறுத்தப்பட்ட பத்து காடிலாக் கார்கள். அரிசோனாவில், பழைய 66-ஆம் எண் சாலையின் ஒரு துண்டைத் தனக்குள் கொண்டிருக்கும் கல்மரக் காட்டுத் தேசியப் பூங்கா. தனிநபர் தரவரிசையை அறிவிக்க வேண்டாம். அலுவலகத்தில் நடத்தினால், யார் எவ்வளவு நடந்தார் என்பது அமைப்பாளரைத் தவிர வேறு எவர் கண்ணிலும், குறிப்பாக மேலாளர் கண்ணில், படாமலிருக்க, தனிப்பதிவுகள் உள்ள முதல் தாளைத் தனிக் கோப்பாக்கி அதன் பார்வை உரிமையைக் கட்டுப்படுத்துங்கள். எடையைக் கேட்பதும் இந்தச் சவாலுக்கு அப்பாற்பட்டது.

நெடுநாள் அசையாதிருந்தவர்களும் இதய நோய், நீரிழிவு, மூட்டு வலி உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, தூரத்தை வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

நடுவில் குழு பின்தங்குவது இயல்பு. அப்போது சிலரை ஊக்கப்படுத்தி வாரிக் குவிக்கச் செய்வதைவிட, இரண்டு வாரமாகப் பதியாதவர்களைத் தனித்தனியே அழைத்து, அன்றைய எண்ணை மட்டும் அனுப்பினால் போதும் என்று சொல்வது பலன் தரும். விடுபட்ட நாள்களை ஈடுகட்டச் சொல்லாதீர்கள். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட பழைய பதிவுகளை ஏற்காமலிருப்பதும் அதே காரணத்துக்காகத்தான். 84-ஆம் நாளில் குழு கலிஃபோர்னியாவின் எல்லையூரான நீடில்ஸில் நிற்குமானால், சாண்டா மோனிக்காவுக்கு இன்னும் 300 மைலுக்கு மேல் மீதி இருக்கும், நாளுக்கு 29 மைல் வீதம் அது பதினொரு நாள் நடை. வழியைச் சுருக்குவதற்குப் பதில் நாள்களைக் கூட்டுவதா என்று குழுவையே கேளுங்கள். பயணம் முடிந்ததும் தனிப்பதிவுத் தாளை அழித்துவிட்டு, ஊர்ப் பட்டியலையும் சூத்திரத்தையும் மட்டும் அடுத்த அமைப்பாளரிடம் ஒப்படையுங்கள்.