காலேஜுக்கு வரும் அரசுப் பணம்: கணக்கு எங்கே தப்புகிறது

செப்டம்பர் முதல் வாரம். இங்கிலாந்தில் ஒரு ஃபர்தர் எஜுகேஷன் காலேஜ். போன வருஷத்தைவிட 100 பிள்ளைகள் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறார்கள். நிர்வாகக் குழுவுக்குப் புதிதாக வந்தவர் ஃபோனில் கால்குலேட்டரைத் திறந்து, 100-ஐ 5,105-ஆல் பெருக்கி, "ஐந்து லட்சத்துப் பத்தாயிரம் பவுண்டு கூடுதலாக வருமே!" என்கிறார். தரவு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

பெருக்கலில் பிழை இல்லை. 2025-26 கல்வி ஆண்டில் முழுநேரம் படிக்கும் 16, 17 வயது மாணவருக்கான தேசிய விகிதம் 5,105 பவுண்டுதான். ஆனால் அந்தப் பணம் இந்த வருஷம் வராது. வரும்போதும் அதே தொகையாக வராது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே 'காலேஜ்' என்றால் பட்டப்படிப்புக் கல்லூரி இல்லை. 16 வயதில் ஜி.சி.எஸ்.இ. தேர்வு முடித்த பிள்ளைகள் வந்து சேரும் இடம். நம் ஊர் கணக்கில் பிளஸ் ஒன், பிளஸ் டூ, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி முறைகள் உண்டு. நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். முன்பு இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்ட இ.எஸ்.எஃப்.ஏ. என்ற முகமை 2025 மார்ச் 31-இல் மூடப்பட்டுவிட்டது. 16-19 வயது மாணவர்களின் கணக்கை இப்போது கல்வித் துறையே நேரடியாகப் பார்க்கிறது.

இந்த வருஷத் தலைக்கு இந்த வருஷப் பணம் என்று நினைப்பது

16 முதல் 19 வயது வரையிலான மாணவர்களுக்கான ஒதுக்கீடு ஒரு வருஷம் பின்தங்கியே வரும். இந்த வருஷம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை வைத்து அடுத்த வருஷப் பணத்தைத் தீர்மானிக்கிறார்கள். கூடுதலாக வந்த அந்த 100 பேருக்கும் ஆசிரியர், பட்டறை, கணினி எல்லாம் இன்றே வேண்டும். பணம் அடுத்த ஆகஸ்டில் தொடங்கும் நிதியாண்டில்தான் வரும். சேர்க்கை வழக்கத்துக்கு மீறிக் கூடினால் நடுவில் ஓரளவு தருவதும் உண்டு. ஆனால் அதை நம்பி பட்ஜெட் போடக் கூடாது.

இதன் மறுபக்கத்தில்தான் பலர் விழுகிறார்கள். சேர்க்கை குறைந்த வருஷத்தில் பணம் குறையாது. போன வருஷத் தலைகளுக்கான பணம் வந்துகொண்டே இருக்கும். கையில் மிச்சம் இருப்பதுபோல் தெரியும். அதை லாபம் என்று நினைத்து வரவேற்பறைக்குப் புது சோபா வாங்கினால், அடுத்த வருஷம் ஒதுக்கீட்டு அறிக்கை வரும்போது ஆசிரியர்களை வெட்ட வேண்டியிருக்கும்.

சேர்த்த எல்லோரும் 'மாணவர்' என்று எண்ணுவது

பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. வழக்கமான வருஷப் படிப்பில் சேர்ந்தவர் 42 நாள், அதாவது ஆறு வாரம், தாண்டியிருக்க வேண்டும். 41-ஆம் நாள் விலகினால் அவர் எண்ணிக்கையிலேயே இல்லை. அவருக்காகச் செலவான ஒன்றரை மாதம் காலேஜின் கணக்கு. 43-ஆம் நாள் விலகினால் எண்ணிக்கையில் முழு மாணவர். ஆனால் வேறொரு இடத்தில் காலேஜுக்கு அடி விழும்.

அந்த இடத்துக்குப் பெயர் தக்கவைப்புக் காரணி. நடுவில் நின்றுபோன மாணவருக்குப் பணமே கிடைக்காது என்று சிலரும், சேர்ந்துவிட்டால் முழுப் பணமும் வந்துவிடும் என்று சிலரும் சொல்வார்கள். இரண்டும் இல்லை, பாதி வரும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கடைசிவரை இருந்தால் காரணி 0.90 ஆகாது, 0.95 ஆகும். மீதிப் பத்துப் பேருக்குப் பாதிப் பாதி சேர்கிறது அல்லவா, அதனால்தான். அதுவும் இந்த வருஷ விகிதம் இல்லை, முந்தைய வருஷத் தரவிலிருந்து எடுத்தது.

இங்கே தேர்ச்சியை இழுக்கத் தேவையில்லை. 16-19 கணக்கில் பிள்ளை பாஸா ஃபெயிலா என்பது பணத்தைத் தொடாது, கடைசிவரை இருந்தாரா என்பதுதான் கேள்வி. பெரியவர்களுக்கான நிதியில் இது தலைகீழ். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நிறையப் பணத்தைத் தின்கிற விஷயம். தொழிற்படிப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் 'முக்கியப் படிப்பு' என்று ஒன்றைத் தரவில் குறிக்க வேண்டும். அக்டோபரில் ஒரு பையன் மின்சார வேலையிலிருந்து குழாய் வேலைப் படிப்புக்கு மாறுகிறான். ஆசிரியருக்குத் தெரியும், வருகைப் பதிவேட்டுக்கும் தெரியும். ஆனால் ஐ.எல்.ஆர். என்ற அரசுத் தரவுப் படிவத்தில் முக்கியப் படிப்பு இன்னும் மின்சார வேலையாகவே இருக்கிறது, அதுவும் 'விலகினார்' என்ற குறிப்போடு. பையன் தினமும் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான், கணக்கில் மட்டும் அவன் ஓடிப்போனவன். ஜூலையில் இப்படிப்பட்ட பெயர்களைத் தேடிப் பிடிப்பது தரவு அலுவலகத்தின் ஆண்டுத் திருவிழா.

மணிநேரத்தை அலட்சியமாக எழுதுவது

எந்தப் பாடம் என்பதைவிட எத்தனை மணிநேரம் என்பதுதான் அடிப்படை விகிதத்தை முடிவு செய்கிறது. திட்டமிட்ட மணிநேரத்தை வைத்து மாணவர்களைப் பட்டைகளாகப் பிரிக்கிறார்கள். வழக்கமான படிப்புகளில் மேல்பட்டையான ஐந்தாம் பட்டைக்கு இப்போது வருஷத்துக்கு 580 மணி வேண்டும். 2022-23-க்கு முன்பு 540 போதும். பழைய கால அட்டவணையை அப்படியே நகலெடுத்த துறைகள் அந்த மாற்றத்தின்போது கோட்டுக்குக் கீழே விழும் அபாயம் இருந்தது.

விழுந்தால் என்ன ஆகும்? 2020-21 விகிதத்தில் ஐந்தாம் பட்டைக்கு 4,188 பவுண்டு, நான்காம் பட்டைக்கு 3,455. நடுவில் 733 பவுண்டு, ஒரே ஒரு மணிநேர வித்தியாசத்துக்கு. 60 பேர் உள்ள துறையில் எல்லோருக்கும் ஒரு மணி குறைவாக எழுதினால் 43,980 பவுண்டு போய்விடும். கோட்டைத் தாண்டிவிட்டால் 580-க்கும் 700-க்கும் ஒரே பணம்தான்.

வீட்டுப்பாடமும் நூலகத்தில் தானாக உட்கார்ந்து படிப்பதும் இந்த மணியில் சேராது. கால அட்டவணையில் இருக்கிற, காலேஜ் நடத்துகிற அல்லது மேற்பார்வை பார்க்கிற நேரம்தான் சேரும். வேலை அனுபவம், வழிகாட்டி ஆசிரியருடன் நடக்கும் அமர்வு போன்றவை சேரும். 'ஆன்லைனில் பிள்ளைகள் தாங்களே பார்ப்பார்கள்' என்று எழுதிய மணியைத் தணிக்கையாளர் முதலில் கையில் எடுப்பார்.

வயதையும் மறக்கக் கூடாது. கல்வி ஆண்டின் தொடக்கத்தில் வரும் ஆகஸ்ட் 31-இல் 18 முடிந்திருந்தால், 600 மணி படித்தாலும் அவருக்கு நான்காம் பட்டை விகிதம்தான். 2014-15-இல் கொண்டுவந்த வெட்டு இது. அப்போது 4,000-க்குப் பதில் 3,300 ஆனது. மாற்றுத்திறன் போன்ற காரணங்களால் அதிக உதவி தேவைப்படும், 'உயர் தேவை' உள்ள மாணவர்களுக்கு மட்டும் விலக்கு. ஒரு வருஷம் தவறவிட்டு மறுபடி படிக்க வருகிற பிள்ளைக்குத்தான் கூடுதல் உதவி வேண்டும், அவருக்குத்தான் குறைவான பணம். எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை.

இன்னொரு சான்றிதழைச் சேர்த்தால் இன்னும் பணம் என்று நம்புவது

இது பழைய காலத்து ஆட்களின் வியாதி. 2013-க்கு முன்பு ஒவ்வொரு தகுதிக்கும் தனித்தனியாகப் பணம் வந்தது. அதனால் சின்னச் சின்னச் சான்றிதழ்களை அடுக்குவது லாபமாக இருந்தது. பேராசிரியர் அலிசன் வூல்ஃப் 2011-இல் தந்த அறிக்கை, தகுதிக்கு வேண்டாம், மாணவருக்குக் கொடுங்கள் என்றது. 2013-14 முதல் அப்படியே ஆயிற்று. முழுநேர மாணவருக்கு 4,000 பவுண்டு என்று வைத்தார்கள். 2019-20 வரை ஏழு வருஷம் ஒரு பென்னிகூட ஏற்றவில்லை. விலைவாசி மட்டும் ஏறியது.

பெருக்கும் எண்களின் வரிசை தெரியாமல் இருப்பது

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். மாணவர் 1,000 பேர், எல்லோரும் ஐந்தாம் பட்டை என்று வைத்துக்கொள்வோம். 5,105-ஆல் பெருக்கினால் 51,05,000 பவுண்டு. தக்கவைப்பு 0.95, ஆகவே 48,49,750. படிப்பின் செலவு எடை 1.1 என்று கொள்வோம் (ஏ லெவல் போன்ற வகுப்பறைப் படிப்புக்கு 1, பட்டறையும் இயந்திரமும் கேட்கும் படிப்புகளுக்கு அதற்குமேல்). 53,34,725 ஆகிறது. இதோடு பின்தங்கிய மாணவர்களுக்கான தொகை போன்றவை கூடும், இப்போதைக்கு விடுவோம். கடைசியில் இடத்தின் செலவுக்கான பெருக்கல், 1.12 என்றால் 59,74,892.

இப்போது தக்கவைப்பு 90 சதவீதத்திலிருந்து 88-க்கு இறங்கட்டும். காரணி 0.95-லிருந்து 0.94. பார்க்க ஒன்றுமில்லை போல் இருக்கும். ஆனால் அந்த 0.01 மற்ற எல்லா எண்களோடும் பெருகி, மொத்தத்தில் சுமார் 62,894 பவுண்டைக் குறைத்துவிடுகிறது. 1,000 பேரில் 20 பேர் கூடுதலாக நின்றுபோனதற்கு.

பின்தங்கிய மாணவர்களுக்கான தொகையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று மாணவர் வசிக்கும் பகுதியின் வறுமையைப் பார்க்கிறது, இன்னொன்று ஜி.சி.எஸ்.இ. கணிதத்திலும் ஆங்கிலத்திலும் நான்காம் தரம் (1 முதல் 9 வரை ஏறும் தரங்களில் தேர்ச்சிக் கோடு) எடுக்காமல் வந்தவர்களைப் பார்க்கிறது. முதல் பகுதியில் பலருக்குக் குழப்பம் வரும். வறுமைக்குப் பார்ப்பது மாணவரின் வீட்டு போஸ்ட்கோடு. இடச் செலவுக்குப் பார்ப்பது பாடம் நடக்கும் இடம். லண்டனின் உட்பகுதியில் இது 20 சதவீதம் வரை போகும். சேர்க்கைப் படிவத்தில் பையன் பழைய வீட்டின் போஸ்ட்கோடை எழுதி, யாரும் சரிபார்க்காமல் விட்டால், முதல் எண் தப்பாகிவிடும்.

கணிதமும் ஆங்கிலமும்

நான்காம் தரம் இல்லாதவர்கள் அந்தப் பாடத்தைத் தொடர்ந்து படித்தே ஆக வேண்டும். 2014-15 முதல் இது பணத்துக்கான நிபந்தனை. மூன்றாம் தரம் எடுத்த முழுநேர மாணவரை ஜி.சி.எஸ்.இ. வகுப்பிலேயே உட்காரவைக்க வேண்டும். 'பாவம், கஷ்டப்படுகிறான்' என்று ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற எளிதான அடிப்படைப் பாடத்தில் போட்டால் நிபந்தனையை மீறியதாகும். இரண்டாம் தரமோ அதற்குக் கீழோ என்றால் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் சரி.

மீறியவர்களில் ஒரு சிறு பங்கைப் பொறுத்துக்கொள்வார்கள். அதற்குமேல் ஒவ்வொருவருக்கும் தேசிய விகிதத்தில் பாதி போகும். பல ஆண்டுகள் இருந்த 5 சதவீத வரம்பில் கணக்குப் போட்டால், 1,000 பேரில் 80 பேர் மீறினால் 50 பேர் மன்னிப்பில் போவார்கள், மீதி 30 பேருக்கு 76,575 பவுண்டு பிடிப்பார்கள். உடனே இல்லை, இரண்டு வருஷம் கழித்து. அதற்குள் அந்தத் துறைத் தலைவர் வேறு காலேஜுக்குப் போயிருப்பார்.

நம்மவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒன்று: இலங்கையில் ஓ.எல். முடித்து இங்கே வந்த பிள்ளைகள். வெளிநாட்டுத் தகுதி சமமானதுதான் என்று யூ.கே. எனிக் அமைப்பின் மதிப்பீட்டில் உறுதியானால் அதை ஏற்கலாம். சான்றிதழ் பெட்டிக்குள்ளேயே கிடக்க, பிள்ளை ஏற்கெனவே தேறிய கணிதத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் லாபமில்லை. சேர்க்கை நாளிலேயே மூலச் சான்றிதழை மேசையில் வையுங்கள்.

பெரியவர்களுக்கும் இதே கணக்கு என்று எடுத்துக்கொள்வது

19 வயதுக்கு மேல் உலகமே வேறு. அங்கே பணம் பின்தங்கி வருவதில்லை, பாடம் நடக்க நடக்கச் சம்பாதிக்க வேண்டும். படிப்புக்குப் படிப்பு விலை உண்டு, அதில் 20 சதவீதம் தேர்ச்சி பெற்றால்தான். ஒதுக்கியதைவிடக் குறைவாக நடத்தினால் மீதியைத் திருப்பிக் கேட்பார்கள். 16-19 பட்ஜெட் போட்டுப் பழகியவர் இங்கே வந்தால், ஆகஸ்டிலேயே முழுத் தொகையும் கையில் இருப்பதாக நினைத்துச் செலவு செய்துவிடுவார்.

இங்கேயும் போஸ்ட்கோடு ஒரு கண்ணி. 2019 ஆகஸ்டு முதல் லண்டனிலும், பல உள்ளாட்சிகள் சேர்ந்து அமைத்த சில கூட்டு ஆணையப் பகுதிகளிலும் பெரியவர்களுக்கான நிதி உள்ளூர் ஆட்சியின் கையில் இருக்கிறது. பிறகு மேலும் பல பகுதிகள் சேர்ந்தன. காலேஜ் எல்லைக்கு வெளியே இருந்தாலும், மாணவி லண்டனில் குடியிருந்தால் அவருடைய ஆங்கில வகுப்புக்குப் பணம் தர வேண்டியது லண்டன் ஆட்சிதான். அவர்களோடு காலேஜுக்கு ஒப்பந்தம் இல்லையென்றால் வகுப்பு நடக்கும், பணம் வராது.

சரி, அந்த 100 பிள்ளைகள். அவர்களுக்கான பணம் அடுத்த ஆகஸ்டில் வரத் தொடங்கும். 42 நாளைத் தாண்டியவர்களுக்கு மட்டும், போன வருஷங்களின் தக்கவைப்போடு பெருக்கி. அதுவரை உட்கார நாற்காலி வேண்டும். அரசுப் பள்ளிக்கூடம் நாற்காலி வாங்கினால் கட்டிய வாட் வரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். காலேஜ் வாங்கினால் திரும்பாது. 2022 நவம்பரில் காலேஜ்களைப் பொதுத்துறை என்று வகைப்படுத்திய பிறகும் இந்த ஒன்று மாறவில்லை.