குறைந்த விலையில் நல்ல வயலின்: எதையெல்லாம் பார்த்து வாங்குவது?

என் மகள் மூன்று வருஷம் டீச்சர் வீட்டு வயலினில்தான் வாசித்தாள். கர்நாடக சங்கீதத்தில் வர்ணம் என்கிற உருப்படி வகையை ஆரம்பித்ததும், “சொந்தமா ஒண்ணு வாங்கிருங்கம்மா. இங்க வந்து வாசிக்கிறது மட்டும் பத்தாது, காலைல எந்திரிச்சதும் கையில எடுக்கணும்” என்றார் டீச்சர். ஒரு கடையில் பளபளவென்று இருந்ததை 6,000 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். இரண்டு மாதத்தில் அவள் வீட்டில் வாசித்துப் பழகுவது பாதியாகக் குறைந்துவிட்டது. சோம்பல் என்று அதட்டினேன். ஒருநாள் அவள் இடது கையைத் திருப்பிப் பார்த்தால், விரல் நுனியெல்லாம் கம்பி பதிந்த கோடு, ஆள்காட்டி விரலில் தோல் உரிந்திருந்தது. குறை வயலினில்தான். அடுத்த வயலினை வாங்குவதற்குள் நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. காசை முதலிலேயே பிரித்து வையுங்கள்

கையில் 15,000 இருந்தால் வயலினுக்கு 10,000. மீதி 5,000 குதிரை (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) செதுக்க, பிருடை (கம்பியை முறுக்கும் திருகு) சரிபார்க்க, நல்ல கம்பி போட. இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லவில்லை. 15,000 ரூபாய் வயலினைக் கடையில் இருந்தபடியே எடுத்து வருவதைவிட, 10,000 ரூபாய் வயலினைச் செம்மையாக்கி வாசிப்பது பல மடங்கு மேல்.

2. அளவு

வாசிப்பவரைக் கூட்டிப் போங்கள். வயலினைக் கழுத்தருகே வைத்து இடது கையை நீட்டினால், முழங்கை லேசாக மடங்கிய நிலையில் நுனிச் சுருளை விரல்கள் தாராளமாகப் பிடிக்க வேண்டும். எட்டித்தான் பிடிக்க முடிகிறதென்றால் முக்கால் அளவு வயலின். வளர்ந்துவிடுவாள் என்று பெரிதாக வாங்காதீர்கள்.

3. மரம்

மேல்பலகை ஸ்ப்ரூஸ், பின்பலகை மேப்பிள், விரல்பலகை கருங்காலி. இதுதான் வேண்டும். விலை குறைந்தவற்றில் வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். விரல்பலகையின் அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள், வெளிறிய மரம் தெரிந்துவிடும். எங்கள் முதல் வயலினில் விரல் ஓடிய இடமெல்லாம் சாயம் தேய்ந்து பழுப்பாகிவிட்டது. பலகை ஓரத்தில் ஓடும் இரட்டைக் கறுப்புக் கோடு பதித்ததா, வெறுமனே வரைந்ததா என்றும் நகத்தால் தடவிப் பாருங்கள்.

4. குதிரை (என்னை வதைத்தது இதுதான்)

கம்பிகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத்துண்டைக் கடையில் பிரிட்ஜ் என்பார்கள், வீணைக்காரர்களுக்கு அது குதிரை. பல வயலின்களில் அதைச் செதுக்காமல் உயரமாகவே விட்டிருப்பார்கள். வாங்கியவர் தன் தேவைக்குச் சீவிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் நாம் அப்படியே வாசிக்கக் கொடுத்துவிடுகிறோம்.

ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேலை எடுத்துப் போங்கள். விரல்பலகை முடிகிற இடத்தில், பலகைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். மெல்லிய கம்பிக்கு மூன்றரை மில்லிமீட்டர், தடித்த கம்பிக்கு ஐந்தரை மில்லிமீட்டர், ஏறக்குறைய இவ்வளவு இருந்தால் சரி. எங்கள் வயலினில் தடித்த கம்பி எட்டில் நின்றது. ஸ்வரத்தை நேராக அழுத்தினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், நம் சங்கீதத்தில் விரல் கம்பியிலேயே வழுக்கி ஏறி இறங்க வேண்டும். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அந்த உயரத்தில் அசைத்துப் பழகினால் தோல் உரியாமல் என்ன செய்யும்?

குதிரையை நீங்களே சீவாதீர்கள். கூடுதலாக எடுத்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. உங்கள் டீச்சரிடமோ, மதுரை பசுமலை அரசு இசைக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடமோ விசாரித்தால் இந்த வேலை தெரிந்த ஆளைக் காட்டுவார்கள். அப்படித்தான் எனக்கும் ஆள் கிடைத்தார். அரை மணி நேர வேலை. வீட்டுக்கு வந்ததும் மகள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்தாள்.

5. பிருடை

நமக்கு பிருடை ரொம்ப முக்கியம், அடிக்கடி சுருதி மாற்றுவோம். திருப்பி விட்டால் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ் பொடி, இறுகிக்கொண்டால் கொஞ்சம் காய்ந்த சோப்பு. திருப்பும்போதே உள்பக்கமாக அழுத்துவதுதான் சூட்சுமம். கீழே நான்கு கம்பிக்கும் ஃபைன் ட்யூனர் (சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் சின்னத் திருகு) இருப்பதையே வாங்குங்கள், பழகுகிறவர்களுக்குப் பாதி அவஸ்தை குறையும்.

6. உங்கள் சுருதியில் கேளுங்கள்

கடையில் மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, ஈ என்று சேர்த்து வாசித்துக் காட்டுவார்கள். நாம் ச ப ச ப என்று சேர்ப்பவர்கள். 5 கட்டை சுருதி (ச என்பது ஜி) என்றால் ஏ கம்பி ஜிக்கும் ஈ கம்பி டிக்கும் இறங்கும். கட்டை குறையக் குறையக் கம்பி தளர்ந்து, நாதம் மங்கும். அதனால் போனில் தம்புரா போட்டு, உங்கள் கட்டைக்குச் சேர்த்த பிறகே நாதத்தைப் பற்றி முடிவெடுங்கள்.

தோள் ரெஸ்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். அது வயலினைத் தோளில் தாங்கி வாசிப்பவர்களுக்கு. மதுரைக்குத் தெற்கே எட்டயபுரத்தில் சமஸ்தான வித்வானாக இருந்த பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பியரிடம் கற்று, இந்த வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் தரையில் உட்கார்ந்து, சுருளை வலது காலில் ஊன்றி வாசிக்கிறோம்.

7. வில், ரோசின், கம்பி

தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடி வில்லை நீளவாக்கில் பாருங்கள், பக்கவாட்டில் கோணல் கூடாது. நம் ஊர் வெயிலுக்கு, மலிவான மரவில்லைவிடக் கார்பன் ஃபைபர்தான் என் தேர்வு. வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்திவிடுங்கள். கம்பிக்கு டடாரியோ ப்ரீலூட் போதும். டாமினன்ட் கம்பி இனிமையானதுதான், விலையும் அப்படி. கை பழகட்டும், பிறகு மாற்றலாம்.

வில்லின் முடியில் தேய்க்கும் பிசின்கட்டிதான் ரோசின். புது ரோசின் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தால் வில்லில் ஒட்டாது, சத்தமே வராது. உப்புத்தாளால் மேலே லேசாகத் தேய்த்துவிட்டுப் போடுங்கள்.

சித்திரை வெயிலில் வயலினைக் காரிலோ, மொட்டைமாடிக்கு அடியில் இருக்கும் பரணிலோ வைக்காதீர்கள். சூட்டில் ஒட்டு விட்டுவிடும்.

பின்சேர்க்கை

தேனியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். ஆன்லைனில் வாங்கிய வயலினில் குதிரை படுத்துக் கிடக்கிறது, உடைந்ததோ என்று பயந்துவிட்டார். பயப்பட வேண்டாம், பயணத்தில் சேதமாகாமல் இருக்கப் படுக்கவைத்துத்தான் அனுப்புவார்கள். மேல்பலகையில் எஃப் எழுத்து வடிவில் இருக்கும் துளைகளின் உள்பக்க வெட்டுகளுக்கு நேராக, உயரமான பக்கம் தடித்த கம்பிக்கு வரும்படி நிறுத்துங்கள். கம்பியை முறுக்கும்போது குதிரை விரல்பலகைப் பக்கம் சாயும், அவ்வப்போது இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்துங்கள்.

இன்னொருவர் கம்பி மாற்ற நான்கையும் ஒன்றாகக் கழற்ற, உள்ளே சவுண்ட் போஸ்ட் விழுந்துவிட்டது. பலகைகளுக்கு நடுவே ஒட்டாமல், கம்பிகளின் அழுத்தத்தில் நிற்கிற குச்சி அது. ஒரு கம்பியை மாற்றி முறுக்கிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். விழுந்துவிட்டால் முறுக்காமல் அப்படியே வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள், முறுக்கினால் மேல்பலகை விரிசல் விட்டுவிடும்.