சீலிங் ஓரத்துக்குக் கோர்னிஸ் ஒட்டுவது எப்படி? (மூலையில்தான் எல்லாம்)

கிளிநொச்சிப் பக்கம் 2009க்குப் பிறகு எழும்பிய பல வீடுகள் முதலில் ஓட்டுக்கூரையோடு நின்றன, சீலிங் காசு சேர்ந்த பிறகுதான் வந்தது. சீலிங் அடித்த பிறகு நிமிர்ந்து பார்த்தால் சுவரோரம் விரல் போகிற அளவு இடைவெளி தெரியும். அதை மறைக்கச் சுவரும் சீலிங்கும் சேருமிடத்தில் ஒட்டுகிற அலங்காரப் பட்டைதான் கோர்னிஸ். தங்கச்சி வீட்டுக் குடிபூரலுக்கு முன் நானே ஒட்டினேன், பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஜிப்சம் கோர்னிஸ் அழகுதான், ஆனால் பாரம், தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும், மாரியில் ஓடு ஒழுகினால் ஊறிக் கறை பிடிக்கும். முதல்முறை என்றால் ரெஜிபோமில் (டிவி பெட்டிக்குள் வைக்கிற லேசான வெள்ளை நுரைப்பலகை) செய்ததை வாங்குங்கள். ஆனால் ஒன்று, அது சுலபமாகத் தீப்பிடிக்கும், விறகடுப்பு எரிகிற குசினியில் மட்டும் வேண்டாம்.

10க்கு 10 அடி அறைக்குச் சுற்றளவு 40 அடி. 8 அடித் துண்டில் கணக்குக்கு ஐந்து போதும், ஏழு வாங்குங்கள், வெட்டிப் பழகவே ஒன்று போய்விடும்.

சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் பசை தூளைப் பிடிக்குமே தவிர சுவரைப் பிடிக்காது. அப்புறம் கோர்னிஸ் துண்டொன்றை மூலைகளில் வைத்துப் பார்த்து, அதன் கீழ் விளிம்பு வருமிடத்தில் பென்சிலால் குறித்து நூல் பிடித்துக் கோடு போடுங்கள்.

இனி மூலை. மைட்டர் பொக்ஸ் என்று 45 பாகையில் வாள் போக வெட்டு விட்ட சின்னப் பெட்டி ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். அதில் கோர்னிஸைத் தலைகீழாக வைக்க வேண்டும்: சீலிங்கில் ஒட்டுகிற பக்கம் பெட்டியின் அடியில், சுவர்ப்பக்கம் பெட்டியின் பின்பலகையோடு. இது குழப்பும், நானும் முதல் இரண்டு துண்டை மாறி வெட்டினேன். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: அறையின் உள்மூலைக்கு வெட்டிய துண்டில் சுவர் விளிம்பு நீளமாகவும் சீலிங் விளிம்பு கட்டையாகவும் இருக்கும், வெளியே துருத்துகிற மூலைக்கு நேர்மாறு. சுவர் சரியான மூலைமட்டத்தில் இருக்குமென்றும் நம்பாதீர்கள். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும். வராவிட்டால் இரண்டு துண்டையும் ஒட்டாமல் மூலையில் பிடித்துப் பார்த்துச் சாண்ட்பேப்பரால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பொருத்துங்கள். வாளைவிட, புது பிளேட் போட்ட கட்டர் மெதுவாக இழுத்தால் ரெஜிபோம் உதிராமல் வெட்டுப்படும்.

பசைதான் நான் சறுக்கிய இடம். செருப்பு ஒட்டுகிற பசை வீட்டில் மிச்சம் கிடந்தது, அதைப் பூசினேன், பார்த்துக்கொண்டிருக்கவே ரெஜிபோம் கரைந்து பள்ளம் விழுந்தது. தின்னர் மணக்கிற எதுவும் ஆகாது, தண்ணீரில் கரையும் பசைதான் வேண்டும். பெயின்ட்டும் அப்படியே, எமல்ஷன் மட்டும். பசையை இரண்டு விளிம்பிலும் பூசி, கோட்டில் வைத்து அழுத்தி, நழுவாமல் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். பிறகு மூலைப் பிளவுகளை வோல் பில்லரால் (சுவர் வெடிப்பு அடைக்கிற கலவை) அடைத்து, ஈரவிரலால் வழித்துவிட்டால் எந்த இடத்தில் பிசகினீர்கள் என்று மேசனுக்கும் தெரியாது.

ஜன்னலுக்கு மேலே கோர்னிஸ் வைக்க இவ்வளவு பாடு இல்லை. திரைக்கம்பியை மறைக்கிற மாதிரி மூன்று பக்கப் பலகைப் பெட்டி ஒன்றை, ஜன்னலைவிட இருபக்கமும் 3 அங்குலம் கூட்டி, சுவர்த்துளையில் ரோல் பிளக் (ஆணி இறுகப் பிடிக்க வைக்கிற பிளாஸ்டிக் குழல்) போட்டு முடுக்கி, மிஞ்சிய கோர்னிஸை அதன் முகப்பில் ஒட்டலாம். எங்களுக்கு மிஞ்சியது ஒன்றரைத் துண்டு, முன் ஜன்னலுக்கு அளவாகக் காணும்.