முதல் ஆட்டத்துக்கு முன் கல்லூரிக் கால்பந்து அணியை எடைபோடுவது எப்படி?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில், கல்லூரிகள் திறந்து புதிய மாணவர் சேர்க்கை முடியும் தறுவாயில், "இந்த வருஷம் நம்ம காலேஜ் டீம் எப்படி?" என்ற கேள்வி கீழக்கரையிலிருந்து தங்கச்சிமடம் வரை எழத் தொடங்கிவிடும். பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள்: சென்ற ஆண்டு எந்தச் சுற்று வரை போனோம் என்பதை, அல்லது நன்றாகக் கோல் அடிக்கும் ஒரு பையனின் பெயரை. முதல் ஆட்டத்தைக் கணிக்க இவை இரண்டுமே மிகக் குறைவாகத்தான் உதவும் என்பதைப் பல ஆண்டுகள் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்த பிறகே நான் புரிந்துகொண்டேன். புதிதாகப் பொறுப்பேற்ற உடற்கல்வி ஆசிரியர், அணித்தலைவர், அணியின் மீது அக்கறை கொண்ட பழைய மாணவர் ஆகியோருக்காக, முதல் ஆட்டத்துக்கு முந்தைய மூன்று வாரங்களில் எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

போட்டி எந்த முறையில் நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள், 1985-இல் காரைக்குடியில் தொடங்கப்பட்ட அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. எதன் கீழ் ஆடினாலும், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி பெரும்பாலும் நாக் அவுட் முறையில்தான் தொடங்கும். லீக் முறையில் முதல் ஆட்டத்தில் தோற்றவனுக்கு அடுத்த வாரம் உண்டு. நாக் அவுட்டில் முதல் ஆட்டமே முழுப் பருவமாகவும் முடிந்துவிடலாம். ஆகவே "இந்த அணி நான்கு கோல் அடிக்குமா?" என்பதைவிட "இந்த அணி கோல் வாங்காமல் எவ்வளவு நேரம் நிற்கும்?" என்ற கேள்விக்கே முதல் இடம் தர வேண்டும். பின்வரிசையைப் பார்க்காமல் முன்வரிசையை மட்டும் பார்த்துச் சொல்லப்படும் எந்தக் கணிப்பையும் நான் நம்புவதில்லை.

அடுத்து, ஒரு தாளில் சென்ற ஆண்டின் பதினொரு பேரையும் அவரவர் இடத்தில் எழுதி, படிப்பை முடித்துப் போனவர்களை அடித்துவிடுங்கள். மூன்றாண்டுப் பட்டப்படிப்பு உள்ள கலைக் கல்லூரியில் ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீரர்களும், நான்காண்டுப் படிப்பு உள்ள பொறியியல் கல்லூரியில் நான்கில் ஒரு பங்கினரும் வெளியேறுவது இயல்பு. எத்தனை பேர் போனார்கள் என்பதைவிட எந்த இடத்தில் போனார்கள் என்பது முக்கியம். கோல் கீப்பர், அவருக்கு முன்னால் நிற்கும் இரண்டு ஸ்டாப்பர்கள் (நடுவில் நின்று தடுப்பவர்கள்), நடுக்களத்தில் பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பவர் ஆகிய நால்வரும் ஒரே நேர்கோட்டில் நிற்பவர்கள். அந்தக் கோட்டில் மூவர் மீதமிருந்தால், ஓரங்களில் ஓடி ஆடும் விங் ஆட்டக்காரர்கள் இருவர் போனதற்காக அதிகம் வருந்த வேண்டியதில்லை. அந்தக் கோட்டில் மூவர் போயிருந்தால், முன்வரிசை அப்படியே இருந்தாலும் அது புதிய அணிதான்.

இனி வருகைப் பதிவுக்கு வருவோம். நம் கடற்கரையில் இதைவிடப் பெரிய விஷயம் இல்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களில் பாம்பன், மண்டபம், ராமேசுவரம் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் மாலையில் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். அப்போது ஆடும் அணியைப் பார்த்து மனம் நிறைந்துபோய் கணிப்புச் சொல்வது ஒரு பொதுவான தவறு. தடை முடிந்து படகுகள் இறங்கியதும், பாக் நீரிணைப் பக்கத்தில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாளும் நாட்டுப்படகுகளுக்கு மற்ற 4 நாளும் என்ற ஏற்பாட்டின்படி, படகில் கைவேலைக்குப் போகும் மாணவனின் வாரம் மாறிவிடுகிறது. இரவு முழுவதும் வலை இழுத்துவிட்டு விடியலில் கரை சேர்ந்தவன், அன்று மாலை பயிற்சிக்கு வந்தாலும் கால் வராது. அவனைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்தக் கூலியில்தான் பல வீடுகளில் கல்லூரிக் கட்டணம் கட்டப்படுகிறது. கணிப்பவர் செய்ய வேண்டியது, யார் எந்தக் கிழமைகளில் கடலில் இருப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, போட்டி நாள் அந்தக் கிழமைகளில் விழுகிறதா என்று நாட்காட்டியில் பார்ப்பதுதான். மூன்று வாரப் பயிற்சியில் அதே பதினொரு பேரில் எட்டுப் பேராவது ஒன்றாக நின்று ஆடிய மாலைகள் எத்தனை என்று குறித்துவையுங்கள். ஆறு மாலைகளுக்குக் குறைவாக இருந்தால், எவ்வளவு திறமை இருந்தாலும், முதல் ஆட்டத்தில் பாஸ் தவறும் என்று எதிர்பார்க்கலாம். இந்த ஆறு என்பது என் அனுபவத்தில் நான் வைத்துக்கொண்ட அளவு. உங்கள் அணிக்கு அது சற்று மாறலாம்.

பயிற்சியைப் பார்க்கப் போகும்போது பக்கக்கோட்டில் நிற்காமல், கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நில்லுங்கள். எங்கள் பக்கத்து மைதானம் ஒன்றில் கம்பத்துக்கு வலையாகப் பழைய நைலான் மீன்வலையைத்தான் முடிந்திருப்பார்கள். அதன் கண்ணிகளின் வழியே ஒரு மாலை முழுவதும் கீப்பரின் பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். களத்தின் மூலையிலிருந்து உதைக்கும் கார்னரில் பந்து எழும்பியதும் அவருடைய முதல் அடி ஒவ்வொரு முறையும் பின்னால் போனது. பந்து ஆறடிக்குள் விழும்போதும் அவர் கோட்டின் மேலேயே நின்றார். ஸ்டாப்பர் திரும்பிப் பார்த்து, யாருடைய பந்து என்று தெரியாமல் அரை நொடி நின்றார். பிடித்த பந்துகள் எல்லாம் அழகாகத்தான் இருந்தன, பாய்ந்து தடுத்த ஒன்றுக்குக் கைதட்டலும் விழுந்தது. அந்த ஆண்டு எங்கள் அணி முதல் ஆட்டத்திலேயே ஒரு கார்னரில் கோல் வாங்கி 0-1 என்று வெளியேறியது. அன்று முதல் நான் கீப்பரின் பாய்ச்சலைக் கணக்கில் எடுப்பதில்லை, "விடு, கீப்பர்!" என்று அவர் குரல் கொடுக்கிறாரா, அந்தக் குரலைக் கேட்டு ஸ்டாப்பர் ஒதுங்குகிறாரா என்பதையே பார்க்கிறேன். பேசாத கீப்பர் இருக்கும் அணியைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடுங்கள். கூடவே, பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்ற விதி 2025 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய பழக்கத்தில் நேரம் கடத்தும் கீப்பரிடம் இதை யாராவது சொல்லிவிட வேண்டும்.

கடற்கரை மணலில் ஆடி வளர்ந்தவர்களுக்கென்று தனிக் குணம் உண்டு. கணுக்கால் உறுதி, உடலை வைத்துப் பந்தை மறைத்துக்கொள்ளும் சாமர்த்தியம், சின்ன இடத்தில் ஒருவரைத் தாண்டிப் போகும் துணிச்சல் ஆகியவற்றை மணல் கற்றுக்கொடுக்கும். ஆனால் மணலில் பந்து எழும்பாது. இறுகிய கட்டாந்தரையில், மார்பளவு எழும்பி வரும் பந்தை ஒரே தொடுதலில் அடக்க அவர்கள் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் எழுவர் போட்டிகளில் பெயர் வாங்கியவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: சிறிய களத்தில், எதிரணிப் பின்வரிசையைத் தாண்டி முன்னே நின்று பந்து வாங்கும் தவறான ஆஃப்சைடைப் பற்றி அதிகம் யோசிக்காமல் ஆடிப் பழகியவர், பதினொருவர் ஆட்டத்தில் கொடி உயரும் ஒவ்வொரு முறையும் மனம் தளர்ந்துபோவார். ஆகவே, போட்டி எந்தத் தரையில் நடக்கிறதோ அதே வகைத் தரையில் குறைந்தது இரண்டு பயிற்சி ஆட்டங்களாவது அணி ஆடியிருக்கிறதா என்று பாருங்கள். விதிப்படி களத்தின் நீளம் 90 முதல் 120 மீட்டர் வரையிலும், அகலம் 45 முதல் 90 மீட்டர் வரையிலும் இருக்கலாம். எனவே ஒரு கல்லூரி மைதானம் இன்னொன்றைவிட மிகவும் ஒடுங்கியிருக்க முடியும். உங்கள் பலம் விங்கில் இருந்து, களம் ஒடுங்கியதாக இருந்தால், அந்தப் பலத்தில் பாதியைக் கழித்துவிடலாம்.

காற்றை விட்டுவிட்டு இந்தப் பகுதியில் கால்பந்தைப் பற்றிப் பேச முடியாது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடும் சிக்னல் ஏற்பாடு இருந்தது. அப்படிப்பட்ட காற்று அரைக் கிலோ எடைகூட இல்லாத பந்தை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வீசும்போது ஒரு பாதியில் கோலுக்கு முன்னிருந்து அடித்த கோல்கிக் நடுக்கோட்டைத் தாண்டும், மறு பாதியில் அதே உதை முப்பது மீட்டரில் தொங்கி விழும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று திசையை மாற்றிவிடும். நல்ல அணி இதற்கு ஆயத்தமாக இருக்கிறதா என்பதை இரண்டு கேள்விகளில் அறியலாம். நாணயச் சுண்டலில் வென்றால் என்ன கேட்பீர்கள் என்று அணித்தலைவரிடம் கேளுங்கள். 2019-இலிருந்து வென்ற அணி பக்கத்தையோ முதல் உதையையோ தானே தேர்ந்தெடுக்கலாம் என்பதும், காற்றைப் பார்த்துப் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதிர்க்காற்றில் கோல்கிக் எப்படி எடுப்பீர்கள் என்று கீப்பரிடம் கேளுங்கள்; அதே 2019 திருத்தத்துக்குப் பிறகு பெனால்டி பகுதிக்குள்ளேயே தன் அணி வீரருக்குப் பந்தைத் தட்டிக் கொடுக்கலாம் என்பதால், ஸ்டாப்பர்கள் இருவரும் இருபுறமும் விரிந்து நின்று பந்தை வாங்கும் பழக்கம் பயிற்சியில் தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாத அணி எதிர்க்காற்றுப் பாதி முழுவதும் தன் எல்லைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

பந்தையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். மைதானத்தைச் சுற்றிச் சீமைக் கருவேலம் மண்டியிருக்கும் நம் ஊர்களில் முள் குத்தாத பந்து அரிது. ஒட்டுப் போட்ட, காற்றுக் குறைந்த பந்தில் மூன்று வாரம் பழகிய கால், போட்டியில் 410 முதல் 450 கிராம் எடையுள்ள, முறையாகக் காற்றடித்த புதிய பந்தைச் சந்திக்கும்போது உதைகள் எல்லாம் குறுக்குக் கம்பத்துக்கு மேலே போகும். கடைசி வாரத்துக்காவது ஒரு நல்ல பந்து வாங்கிக் கொடுப்பது பழைய மாணவர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி என்று நினைக்கிறேன். பூட்ஸைப் பற்றி ஒன்றே ஒன்று: ஆட்ட நாளில் புதிய பூட்ஸ் போட யாரையும் விடாதீர்கள்.

பயிற்சி ஆட்டங்களின் முடிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளி அணியோடு ஆடி 6-0 என்று வென்றதில் தெரிவது குறைவு. ஊர்ச் சங்கத்துப் பெரியவர்களோடு ஆடி 1-2 என்று தோற்றதில், கடைசி இருபது நிமிடங்களில் என்ன நடந்தது என்பதில்தான் தெரிவது அதிகம். நடுக்கள வீரர்கள் கையை இடுப்பில் வைத்து நிற்கத் தொடங்குகிறார்களா, பந்து பறிபோனதும் திரும்பி ஓடுகிறார்களா நடக்கிறார்களா, ஒருவர் தவறும்போது மற்றவர்கள் அவரைத் திட்டுகிறார்களா அல்லது "விடு தம்பி, அடுத்தது பாரு" என்று சொல்லி இடத்தை நிரப்புகிறார்களா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பல ஆட்டங்களை முடிப்பதற்காகச் சில போட்டிகளில் நேரத்தைக் குறைப்பதும், உச்சி வெயிலில் ஆட்டம் வைப்பதும் உண்டு. எனவே ஆட்ட நேரம், மாற்று வீரர்களின் எண்ணிக்கை, சமனானால் என்ன முறை ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டு, அதற்கேற்ப உங்கள் கணிப்பைத் திருத்துங்கள். எப்போதும் மாலை ஐந்தரைக்குப் பயிற்சி எடுக்கும் அணி, பகல் பன்னிரண்டு மணி ஆட்டத்தில் வேறு அணியாகத் தெரியும்.

சமனான ஆட்டத்தை அணிக்கு ஐந்து பெனால்டி உதைகளால் முடிவுசெய்யும் டை-பிரேக்கரைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேச விரும்புவதில்லை, அபசகுனம் போல நினைக்கிறார்கள். ஆனால் கோல் வாங்காமல் நிற்கும் அணி பலமுறை அங்கேதான் போய்ச் சேரும். ஆட்டம் முடியும்போது களத்தில் இருப்பவர்கள் மட்டுமே 11 மீட்டர் உதையை எடுக்க முடியும் என்பதால், நன்றாக உதைப்பவரைக் கடைசி நிமிடங்களில் வெளியே எடுத்துவிட்டுப் பிறகு வருந்திய அணிகள் உண்டு. ஐந்து பேர் யார் என்று பி.டி. சாரிடம் கேளுங்கள், ஐந்து பெயரும் தயங்காமல் வந்தால் நல்ல அறிகுறி.

எதிரணியைப் பற்றிக் கிடைக்கும் செய்திகளை ஓரளவுக்கு மேல் நம்பாதீர்கள். அவர்களுடைய பழைய அணியைப் பார்த்தவர் சொல்வதும் பழைய அணியைப் பற்றித்தான். அவர்களிடமும் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் தகுதிப் படிவங்களைச் சரிபாருங்கள். புகைப்படம் ஒட்டி முதல்வர் கையொப்பமிட்ட படிவம், அசல் அடையாள அட்டை, போட்டி அறிவிப்பில் கேட்கப்பட்ட மற்றச் சான்றுகள் ஆகியவை ஒரே கோப்பில், ஒருவருடைய பொறுப்பில் இருக்க வேண்டும். அடையாள அட்டையை வீட்டில் விட்டுவந்த ஒரு ஸ்டாப்பர், உடைமாற்றிக்கொண்டு பக்கக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய இடத்தில் விங் ஆட்டக்காரர் நின்றார்.

மறுநாள் விடியலில், ராமேசுவரம் தீவிலிருந்து வரும் பையன்கள் சுமார் 55 கிலோமீட்டர் பயணம் செய்து ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும், அங்கிருந்து வெளியூர் வண்டி புறப்படுவதற்கு முன், கீப்பர், இரண்டு ஸ்டாப்பர், நடுக்கள வீரர் ஆகிய நால்வரும் ஏறிவிட்டார்களா, இரவில் தூங்கிய முகத்தோடு இருக்கிறார்களா என்று பாருங்கள். மூன்று வாரமாக எழுதிவந்த தாளில் உங்கள் கணிப்பை அப்போது எழுதுங்கள்.