பழைய புல்லட்டின் ஸ்டேட்டருக்குக் காயில் கட்டும் முறை

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய 12 வோல்ட் புல்லட் 350-இல் முகப்பு விளக்கு மங்கினாலோ, பேட்டரி அடிக்கடி இறங்கிப்போனாலோ, மின்சாரம் தரும் ஸ்டேட்டர் (செம்புச் சுருள்கள் கொண்ட அசையாத பகுதி) எரிந்துவிட்டது என்று முடிவுகட்டி அதைக் கழற்றிக் காயில் கட்ட, அதாவது சுருளைப் புதிதாகச் சுற்ற, கொடுத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. என் கைக்கு வந்த பல ஸ்டேட்டர்களில் செம்புச் சுருள் நன்றாகவே இருந்தது. சுருளிலிருந்து வெளியே வரும் வயர்தான் காய்ந்து வெடித்திருந்தது. நல்ல சுருளை வெட்டி எறிந்துவிட்டால் தொழிற்சாலையில் இறுக்கமாகச் சுற்றப்பட்ட அந்த அமைப்பைத் திரும்பப் பெறுவது கடினம் என்பதால், எது கெட்டது என்று உறுதியாகத் தெரியும் வரை காயிலில் கத்தி வைக்கக் கூடாது.

1955 முதல் சென்னையில் உருவாகிவரும் இந்த வண்டியின் பழைய எஞ்சின்களில், மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டர் இடப்பக்கத்தில் கிராங்க் ஷாஃப்டின் முனையில் அமர்ந்திருக்கிறது. காந்தம் பொதிந்த ரோட்டர் ஷாஃப்டோடு சுழல, அதைச் சுற்றி ஆறு துருவங்கள் கொண்ட ஸ்டேட்டர் அசையாமல் நிற்கிறது. பிரைமரி செயின், கிளட்ச், ஸ்டேட்டர் மூன்றும் ஒரே பெட்டிக்குள் ஒரே எண்ணெயில் வேலை செய்கின்றன. வயர் கெடுவதற்குக் காரணமும் அதுவே. சாதாரண பி.வி.சி. உறை சூடான எண்ணெயில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் நெகிழ்வை இழந்து, வெயிலில் காய்ந்த முருங்கைக் குச்சியைப் போல, வளைத்தால் சடக்கென்று உடைகிறது. உடைந்த இடத்தில் செம்பு பெட்டியின் சுவரைத் தொட்டால் மின்சாரம் எஞ்சினின் உலோக உடலுக்கு இறங்கிவிடும்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது சோதனையைத் தொடங்குவது நல்லது, ஏனெனில் குளிர்ந்த நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் விரிசல் சூட்டில்தான் விலகும். ஸ்டேட்டரிலிருந்து வரும் வயர்களை வண்டியின் வயரிங்கிலிருந்து முழுதாகப் பிரித்து, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு அவற்றின் சொந்த மின்தடையை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்டேட்டரின் தடை பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் கீழே இருப்பதால், மீட்டர் வயரின் 0.2 அல்லது 0.3 ஓமைக் கழிக்காமல் விட்டால் கணக்கு பிழையாகிவிடும். நான்கு வயர்கள் வெளியே வரும் ஸ்டேட்டர் என்றால், எந்த இரண்டு ஒரு ஜோடி என்பதையும், ஜோடிகளுக்கு இடையே தொடர்பு உண்டா என்பதையும் தாளில் எழுதி வைக்கவும். அடுத்து ஒவ்வொரு வயருக்கும் எஞ்சினின் வெறும் உலோகத்துக்கும் இடையே பார்க்க வேண்டும். அங்கே தொடர்பு காட்டவே கூடாது. இந்தச் சோதனைகளின்போது வயர் பெட்டியிலிருந்து வெளிவரும் ரப்பர் புஷ் அருகே அதை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். எண் தாவினால் குற்றவாளி வயர்தான்.

திறப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். வலப்பக்க கியர் கொண்ட இந்த வண்டிகளில் பின் பிரேக் மிதி இடப்பக்கம் இருப்பதால், இடது ஃபுட்ரெஸ்டையும் மிதியையும் விலக்கினால்தான் மூடி வெளியே வரும். அடியில் அகலமான தட்டை வைத்து, நடுவிலுள்ள ஒற்றை நட்டைத் தளர்த்தினால், மூடி விலகும்போதே எண்ணெய் வடிந்துவிடும். ஸ்டேட்டர் மூன்று ஸ்டட்களில் நட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். கழற்றுமுன் எந்த முகம் வெளியே பார்க்கிறது, வயர் எந்தப் பக்கத்தில் இறங்குகிறது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளவும். ரோட்டரை எடுக்க நேர்ந்தால் சுத்தமான துணியில் சுற்றித் தனியாக வைக்க வேண்டும். அரம் பிடிக்கும் மேசையில் வைத்தால் இரும்புத் துகள் முழுவதும் அதில் ஏறிக்கொள்ளும்.

வயர் மட்டும் கெட்டிருந்தால் அரைநாள் வேலைதான். சுருள்களின் மேல் சுற்றியுள்ள நூலையோ நாடாவையோ மெல்ல விலக்கினால், தடித்த எனாமல் வயரும் வெளி வயரும் சேரும் இணைப்பு தெரியும். நல்ல இணைப்பு வெள்ளி போல் மினுங்கும். கெட்டது கறுத்து, ஓரத்தில் பச்சைப் பூப்பிடித்திருக்கும். அதைப் பிரித்து, எனாமலைக் கத்திமுனையால் சுற்றிலும் சுரண்டி, பளபளக்கும் செம்பு வந்த பின் ஈயம் பூசி, புதிய வயரை முதலில் முறுக்கி இறுக்கிவிட்டு அதன் பிறகே பற்றவைக்க வேண்டும். அதிர்வைத் தாங்குவது அந்த முறுக்குதான், ஈயம் அன்று. வெளி வயருக்கு டெஃப்லான் உறையிட்ட பல இழை வயரே ஏற்றது. 200 டிகிரி செல்சியஸ் சூட்டையும் எண்ணெயையும் அது தாங்கும், சென்னை ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. சிலிக்கான் உறை சூட்டைத் தாங்கினாலும் எண்ணெயில் ஊறி உப்பிவிடும் என்பதால் அதை நான் இங்கே பயன்படுத்துவதில்லை. இணைப்பின் மேல் கண்ணாடி இழை ஸ்லீவைச் செலுத்தி, அடுத்துள்ள சுருளோடு சேர்த்துப் பருத்தி நூலால் கட்டிவிட்டால் எஞ்சின் அதிரும்போது அது தனியே ஆடாது.

சுருளே கருகியிருந்தால் காயில் கட்டித்தான் ஆக வேண்டும். ஆறு துருவங்களும் அடுத்தடுத்து எதிரெதிர் திசையில் சுற்றப்பட்டிருக்கின்றன, ஏனென்றால் ரோட்டரில் வடக்கும் தெற்கும் மாறி மாறி வருகின்றன. நான் முதன்முதலில் கட்டிய ஸ்டேட்டரில் பழைய சுருளின் திசையைக் குறிக்காமல் அவசரமாகப் பிரித்துவிட்டேன். ஒரே ஒரு துருவத்தைத் தலைகீழாகச் சுற்றியதால் விளக்கு மங்கலாகவே எரிந்தது. மீட்டரில் தடை மிகச் சரியாகக் காட்டியதுதான் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. தொடராக இணைத்த ஆறு சுருள்களில் ஒன்று எதிர்த்திசையில் இருந்தால் அது தன் பங்கைத் தராததோடு இன்னொன்றின் பங்கையும் கழித்துவிடுகிறது. ஆறுக்கு நான்கின் மின்னழுத்தமே மிஞ்சும். அதனால் ஒவ்வொரு துருவத்தின் தொடக்கமும் முடிவும் எங்கே, வலஞ்சுழியா இடஞ்சுழியா, எந்தச் சுருளின் வால் எதோடு சேர்கிறது என்பதை வரைந்த பின்னரே முதல் சுற்றைப் பிரிக்க வேண்டும்.

பிரிக்கும்போது சுற்றுகளை எண்ணுங்கள். ஒரு துருவத்தை மட்டும் எண்ணிவிட்டு மற்றவையும் அப்படியே இருக்கும் என்று விடாமல், இரண்டு மூன்றையாவது எண்ணி ஒப்பிட வேண்டும். வயரின் கனத்தை எனாமலை நீக்கிய பிறகே மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும், 0.914 மில்லிமீட்டர் என்று வந்தால் கடையில் 20 எஸ்.டபிள்யூ.ஜி. (வயரின் கனத்தைக் குறிக்கும் எண்) என்று கேட்க வேண்டும், 1.016 என்றால் 19. இடம் போதவில்லை என்று மெல்லிய வயரைப் போடுவதும், கூடுதல் வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டுச் சுற்றுகளைக் கூட்டுவதும் தவறு. முன்னதில் சூடு ஏறும். பின்னதில் மின்னழுத்தம் கூடினாலும் சுருளின் எதிர்ப்பும் சேர்ந்தே கூடுவதால் எதிர்பார்த்த மின்னோட்டம் கிடைக்காது.

இரும்புத் தகட்டின் விளிம்புகள் கூர்மையானவை. புதிய காப்புத் தாளைத் துருவத்தைச் சுற்றி வைத்து, மூலைகளில் தாள் கிழியவில்லை என்று விரலால் தடவிப் பார்த்த பின்னரே சுற்றத் தொடங்கவும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதை ஒட்டி அமர வேண்டும்; ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குறுக்கிட்டால் அதிர்வில் எனாமல் உராய்ந்து போகும். ஒவ்வொரு துருவம் முடிந்ததும் உடலோடு தொடர்பு இல்லை என்று சோதித்துவிட்டால், பிழை இருந்தாலும் ஒரு சுருளோடு போகும். கடையில் மெகர் (உயர் மின்னழுத்தத்தில் காப்பைச் சோதிக்கும் கருவி) இருந்தால், வெளி இணைப்பு எதுவும் இல்லாத நிலையில் 500 வோல்ட்டில் காப்பைப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. ஆனால் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையர் இணைந்திருக்கும்போது மெகரைத் தொடவே கூடாது.

வார்னிஷ் எண்ணெயைத் தாங்கும் வகையாகவும், 155 டிகிரிக்கான எஃப் வகுப்பாகவோ 180 டிகிரிக்கான எச் வகுப்பாகவோ இருக்க வேண்டும். ஸ்டேட்டரை முதலில் சூடாக்கி ஈரம் போக்கி, வார்னிஷில் முக்கி, குமிழி வருவது நிற்கும் வரை விட்டு, வடியவைத்து, டப்பாவில் சொல்லியிருக்கும் சூட்டிலும் நேரத்திலும் அடுப்பில் சுட வேண்டும். தூரிகையால் மேலே பூசிவிட்டு வெயிலில் காயவைத்தால் உள்சுற்றுகள் பிடிப்பில்லாமலே இருந்துவிடும்.

திரும்பப் பூட்டும்போது ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே சுற்றிலும் சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இடைவெளி அளக்கும் எஃகுத் தகடான ஃபீலர் கேஜைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அதே கனத்தில் பித்தளைத் தகட்டை வெட்டிக்கொள்வது மேல். ஆறு துருவங்களிலும் தகடு லேசாகப் போய்வர வேண்டும். ஒரு பக்கம் இறுகினால் நட்டுகளைத் தளர்த்தி, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி நகர்த்தி மீண்டும் இறுக்கவும். பின்பு கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி பார்க்கவும். வயர் செயினில் உராயாதபடி கிளிப்பில் பிடித்து, புதிய ரப்பர் புஷ் வழியாக வெளியே எடுக்கவும்.

மூடியைப் பூட்டி எண்ணெய் ஊற்றிய பிறகு, ரெக்டிஃபையரை இணைக்குமுன் ஒரு ஜோடி வயருக்குக் குறுக்கே 12 வோல்ட் முகப்பு பல்பைக் கொடுத்து, எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் விட்டு ஆக்ஸிலரேட்டரைச் சிறிது சிறிதாகத் திருகவும். வெளிச்சம் துடிப்பில்லாமல் ஏறினால் அடுத்த ஜோடியையும் அதேபோல் பார்க்கவும். பல்பு மிகப் பிரகாசமானதும் நிறுத்திவிட வேண்டும். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இல்லாமல் வேகத்தைக் கூட்டினால் இழை போய்விடும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் இணைப்புகளைப் பிரித்து, உடலோடு தொடர்பு உண்டா என்று கடைசியாக ஒருமுறை அளந்துவிட்டு வயர்களை அவற்றின் இடத்தில் சேர்க்கலாம்.