மோட்டார் பம்பு: டிராயிங்கிலிருந்து பழைய இரும்புக் கடை வரை பதிவு வைப்பது எப்படி?

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், சிங்காநல்லூர் பக்கம் பம்பு செய்யும் சிறு பட்டறைகள் பலவற்றில் ஒரே குறைதான். மோட்டார் கிணற்றுக்குள் 10, 15 வருஷம் கிடக்கும்; அதைப் பற்றிய விவரம் பில் போட்ட அன்றோடு முடிந்துவிடும். எத்தனை சுற்று வைண்டிங், எந்த அளவு புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் குழல்), எந்த பவுண்டரி வார்ப்பு என்பதெல்லாம் வைண்டிங் மாஸ்டரின் ஞாபகத்திலும் ஓனரின் வாட்ஸ்அப்பிலும்தான் இருக்கும்.

ஒரு பொருளை வரைவது, செய்வது, விற்பது, பழுது பார்ப்பது, கடைசியில் கழித்துக் கட்டுவது வரை எல்லா விவரத்தையும் ஒரே தொடர்ச்சியாக வைத்திருப்பதுதான் பொருள் வாழ்நாள் மேலாண்மை. ஆங்கில எழுத்தில் சுருக்கி பி.எல்.எம். என்பார்கள். 1980-களில் அமெரிக்கன் மோட்டார்ஸ் போன்ற கார் கம்பெனிகளில் வளர்ந்த வழி இது. டீம்சென்டர், விண்ட்சில் என்று பெரிய மென்பொருள்கள் அதற்கென்றே இருக்கின்றன. இப்போது நிலைமை மாறிவிட்டது. மாதச் சந்தாவில் இணையத்திலேயே மென்பொருள் கிடைக்கிறது, பொருளே தன் நிலையைத் தகவலாக அனுப்புகிறது, வாங்குகிற நாடுகள் பொருளோடு அதன் வரலாற்றையும் கேட்கின்றன. ஆனால் மென்பொருளை முதலில் வாங்காதீர்கள். எண்ணும் பதிவும் ஒழுங்காக இல்லாத இடத்தில் எந்த மென்பொருளும் உதவாது. கீழே உள்ள படிகளைச் சாதாரண எக்செல் தாளிலேயே தொடங்கலாம்.

படி 1: ஒரே ஒரு மாடல்

உங்களிடம் அதிகம் விற்கும் மாடலை மட்டும் எடுங்கள். இங்கே 5 எச்.பி. ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் (கிணற்றுத் தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்பு) என்று வைத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் அப்புறம்.

படி 2: பாகப் பட்டியல்

டிராயிங்கைப் பார்த்துப் பட்டியல் எழுதாதீர்கள். டெஸ்டிங் முடிந்து பேக்கிங்குக்குத் தயாராக நிற்கும் ஒரு பம்பை மேஜையில் வைத்து முழுசாகக் கழற்றுங்கள். டிராயிங்கில் ஒன்று இருக்கும், பட்டறையில் வேறொன்று போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வித்தியாசம் கழற்றும்போதுதான் தெரியும். ஓ-ரிங், கேபிள் கிளாண்ட், போல்ட், பெயிண்ட் எதையும் விடவேண்டாம்.

ஒரு வரி இப்படி இருக்கும்: 10042, இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), எஃப்.ஜி. 200 வார்ப்பிரும்பு, திருத்தம் பி, பேட்டர்ன் பவுண்டரியில் இருக்கிறது. அந்தக் கடைசித் தகவல் முக்கியம். பேட்டர்ன் என்பது வார்ப்புக்கு அச்சு எடுக்கும் மர மாதிரி. பேட்டர்ன் யாருடையது, எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்காமல் பவுண்டரி மாற்றும்போதுதான் தகராறு வருகிறது.

எண்ணுக்குள் அர்த்தத்தைத் திணிக்காதீர்கள். எச்.பி.யையும் உலோகத்தையும் எண்ணிலேயே போட்டுவிட்டால் பார்த்ததும் புரியும் என்று தோன்றும். நாளைக்கு அதே இம்பெல்லர் 7.5 எச்.பி.க்கும் போகும், இல்லையென்றால் நோரில் பிளாஸ்டிக்குக்கு மாறும். அன்றைக்கு அந்த எண்ணே பொய் சொல்லும். வரிசை எண் போதும். விவரம் பக்கத்துக் கட்டத்தில் இருக்கட்டும்.

படி 3: மாற்றச் சீட்டு

இதில் நேரம் செலவழியுங்கள். பொருள் வாழ்நாள் மேலாண்மையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

லேத்தில் இருப்பவர் புஷ் நீளத்தை 2 மில்லிமீட்டர் கூட்டச் சொல்கிறார். நல்ல யோசனைதான். போனில் சொல்லி, ஜாப் ஆர்டர் கொடுத்த இடத்துக்கு டிராயிங்கைப் படம் எடுத்து அனுப்பியாயிற்று. மூன்று வருஷம் கழித்துத் தாராபுரத்தில் ஒரு ரீவைண்டிங் கடைக்காரர் அதே மாடலுக்கு புஷ் வாங்குகிறார், பொருந்தவில்லை. யார் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

அதனால் எந்த மாற்றமானாலும் ஒரு பக்கச் சீட்டு. எந்தப் பாகம், என்ன மாற்றம், ஏன், யார் ஒப்புக்கொண்டது, எந்த சீரியல் எண்ணிலிருந்து அமல், கையில் இருக்கும் பழைய ஸ்டாக்கை என்ன செய்வது என்று ஆறு விவரம் அதில் இருக்கவேண்டும். கடைசி இரண்டை முக்கால்வாசிப் பேர் எழுதுவதில்லை. பிற்பாடு தேவைப்படுவது அவை இரண்டும்தான்.

புது எண் போடுவதா, பழைய எண்ணிலேயே திருத்த எழுத்தை மாற்றுவதா என்ற குழப்பம் வரும். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. பழைய பம்பில் புதுப் பாகம் போட்டாலும், புதுப் பம்பில் பழைய பாகம் போட்டாலும் பொருந்தி, ஒரே மாதிரி வேலை செய்கிறதா? ஆமாம் என்றால் எண் அதே, திருத்தம் பி-யிலிருந்து சி. ஒரு பக்கம் பொருந்தாவிட்டாலும் புது எண். மேலே சொன்ன புஷ்ஷுக்குப் புது எண் போட்டிருக்க வேண்டும்.

படி 4: சீரியல் எண்ணும் கியூஆர் குறியும்

பெயர்த்தகட்டில் சீரியல் எண் எப்படியும் அடிக்கிறீர்கள். அதே எண்ணில் உங்கள் தாளில் ஒரு வரி திறங்கள். எந்தத் திருத்தப் பாகங்கள் போட்டது, வைண்டிங் சுற்று, ஒயர் கேஜ், டெஸ்டிங்கில் வந்த ஹெட் (தண்ணீர் ஏறும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளிவரும் தண்ணீரின் அளவு), ஆம்பியர். பிறகு அந்த வரியைத் திறக்கும் கியூஆர் குறியை எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் லேசரில் பொறியுங்கள். ஸ்டிக்கர் நம் ஊர் உப்புத் தண்ணீரில் நிற்காது.

வைண்டிங் விவரத்தை வெளியே காட்டலாமா என்று பலர் தயங்குகிறார்கள். காட்டலாம் என்பேன். காங்கேயத்துக் கடைக்காரர், "ஏனுங்க, இந்த மாடலுக்கு எத்தன சுத்துங்க?" என்று கேட்கும்போது பதில் கிடைக்காவிட்டால் தனக்குத் தெரிந்த கணக்கில் சுற்றிவிடுவார். மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், தண்ணீர் குறையும். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இந்த நஷ்டம் கரண்ட் பில்லில் தெரியாது. அடுத்த கோடையில் காயில் (வைண்டிங் சுருள்) எரியும்போதுதான் தெரியும். அப்போது கெட்டுப்போவது உங்கள் பிராண்டின் பெயர்.

திருப்பூர், கரூர் துணி ஏற்றுமதிக்காரர்களுக்கு

ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழல்வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலை 18-ல் நடைமுறைக்கு வந்தது. பொருளோடு டிஜிட்டல் பாஸ்போர்ட் இருக்கவேண்டும் என்பதற்கு வழி செய்திருப்பது அந்தச் சட்டம். என்ன மூலப்பொருள், எங்கே செய்தது, எப்படிப் பழுது பார்ப்பது, எப்படி மறுசுழற்சி செய்வது என்ற விவரமெல்லாம் கியூஆர் போன்ற ஒரு குறியில் திறக்கவேண்டும். மின்வாகன பேட்டரிகளுக்குத் தனிச் சட்டப்படி 2027 பிப்ரவரி 18 முதல் இது கட்டாயம். புதிய சட்டத்தில் முன்னுரிமை பெற்ற பொருள்களில் ஆடையும் உண்டு.

பனியன் தொழிலில் தகவல் அறுந்துபோகும் இடம் எது என்று அங்கே வேலை செய்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். நூல் லாட் எண் நிட்டிங் வரை வரும். சாயப்பட்டறையில் அது வேறு பேட்ச் எண்ணாக மாறும். கட்டிங் மேஜையில் இரண்டு மூன்று ரோல் கலந்துவிட்டால் அதோடு போயிற்று. ஆகவே கட்டிங் பண்டல் சீட்டில் சாய பேட்ச் எண்ணும், சாயப்பட்டறை டி.சி.யில் (சரக்கோடு வரும் டெலிவரி சலான்) நூல் லாட் எண்ணும் இருக்கும்படி இன்றே மாற்றுங்கள். பையர் கேட்கும் நாளில் பின்னோக்கித் தேடி எழுத முடியாது.

படி 5: கிணற்றிலிருந்து வரும் தகவல்

உண்மையான மோட்டாருக்கு இணையாகக் கணினியில் ஒரு மாதிரியை வைத்து, ஓடுவதை அதில் பார்ப்பதற்கு டிஜிட்டல் ட்வின் என்று பெயர். மைக்கேல் கிரீவ்ஸ் 2002-ல் முன்வைத்த யோசனை இது. நம் விவசாயிகள் போனிலிருந்தே மோட்டார் போடும் மொபைல் ஸ்டார்ட்டர் அதற்கு நல்ல வாசல். வோல்டேஜ், ஆம்பியர், ஓடிய நேரம் மூன்றையும் பதிவு செய்யும் ஸ்டார்ட்டர் இருந்தால், விவசாயியின் சம்மதத்தோடு அந்தத் தகவலைச் சீரியல் எண்ணோடு சேர்க்கலாம்.

அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாரண்டிக்குத் திரும்பி வரும் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஐந்து விவரம் எழுதுங்கள்: சீரியல் எண், ஊர், கிணற்று ஆழம், பழுது, காரணம். கழற்றும்போது ஒரு போட்டோ. காயில் எரிந்திருந்தால் விசாரிக்கவேண்டியது நிறைய இருக்கிறது. தண்ணீர் வற்றிய பிறகும் ஓடியதா, லோ வோல்டேஜா, மூன்றில் இரண்டு பேஸ் மட்டும் வரும் டூ-பேஸ் நேரத்தில் கப்பாசிட்டர் போட்டு ஓட்டினார்களா? "காயில் போச்சு" என்று மட்டும் எழுதினால் அடுத்த டிராயிங்குக்கு அது உதவாது. இந்தப் பதிவு சேர்ந்த பிறகுதான் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

இந்தக் கட்டத்தில் எக்செல் தாள் திணறும். அப்போது பாகப் பட்டியலும் சீரியல் எண்ணும் பார்த்துக்கொள்ளும் இ.ஆர்.பி.நெக்ஸ்ட், வரைவதற்கு ஃப்ரீகேட் என்று போகலாம். இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள்.

படி 6: ஓய்வு

இரண்டு ஓய்வுகள் உண்டு. ஒரு தனி மோட்டார் பழைய இரும்புக்குப் போவது முதலாவது. செம்பு, வார்ப்பிரும்பு, ஸ்டாம்பிங் (மோட்டாருக்குள் அடுக்கிய இரும்புத் தகடுகள்), எஸ்.எஸ். எல்லாமே விலைபோகும், வார்ப்பிரும்பு பவுண்டரி உலைக்கே திரும்பப் போகலாம். பிரச்சனை ஒயரில்தான். செம்பை எடுக்க பி.வி.சி. ஒயரைத் திறந்த வெளியில் எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் கிளம்பும். பக்கத்தில் நிற்பவர் அதைத்தான் சுவாசிப்பார். தண்ணீர் நிரப்பும் மோட்டாரில் வார்னிஷ் ஊற்றாத வைண்டிங் என்பதால் ஒரு முனையை வெட்டி ஒயரை உருவி எடுத்து, மெஷினில் தோல் உரிக்கலாம். இதையும் கியூஆர் பக்கத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, மாடலையே நிறுத்துவது. நிறுத்தும் தேதியையும், எத்தனை வருஷத்துக்கு உதிரிபாகம் கிடைக்கும் என்பதையும் டீலர்களுக்கும் ரீவைண்டிங் கடைகளுக்கும் எழுத்தில் கொடுங்கள். அந்த வருஷங்களுக்குத் தேவையான புஷ், த்ரஸ்ட் பேரிங், இம்பெல்லர் எவ்வளவு என்பதை வாரண்டிப் பதிவிலிருந்து கணக்குப் போட்டுக் கடைசியாக ஒரு தடவை செய்து வையுங்கள். அப்புறம் பவுண்டரிக்கு ஒரு கடிதம்: உதிரிபாகக் கெடு முடியும் வருஷத்தைப் பேட்டர்ன் மேலேயே பெயிண்டில் எழுதச் சொல்லுங்கள், அதுவரை அதை விறகுக்குப் போடவேண்டாம் என்றும் சேர்த்து.