காலண்டர் வசனத்தைத் தாண்டி: எரேமியா 29ஐ வைத்து வேதபாடம் எடுப்பது எப்படி?

புத்தாண்டு ஆராதனையில் கைக்கு வரும் வாக்குத்தத்த அட்டையிலும், சுவரில் தொங்கும் காலண்டரிலும் அடிக்கடி தட்டுப்படுகிற வசனம் எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று முடிகிற அதே வசனம்தான். இதை மனப்பாடமாகச் சொல்கிற பலருக்கு 29:10 என்ன சொல்கிறது என்று தெரியாது. பாடம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிப் பகுதி கிடைப்பது அரிது. வசனம் தெரிந்தது, பின்னணி தெளிவானது, தவறு நேரும் இடங்களும் வெளிப்படையாகவே இருக்கின்றன.

தேவையானவை: ஒரு வேதாகமம், ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், தொந்தரவில்லாத ஒன்றரை மணி நேரம். பழைய திருப்புதலை (பழைய நடையில் உள்ள தமிழ் வேதாகமம்) வாசிப்பவர்கள் பக்கத்தில் எளிய தமிழில் உள்ள பொது மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொண்டால் கடினமான வாக்கியங்கள் சட்டென்று விளங்கும். பெயர்களின் எழுத்து சற்று மாறினாலும் அதிகார, வசன எண்கள் ஒன்றுதான். விளக்கவுரைகளை இப்போதைக்கு மூடியே வையுங்கள். கடைசியில் சரிபார்க்க மட்டும் அவை போதும்.

படி 1: பகுதியின் எல்லையைப் பிடியுங்கள்

ஒரு வசனத்திலிருந்து பாடம் எடுக்காதீர்கள். முதலில் அந்த வசனம் எந்தப் பேச்சின், எந்தக் கதையின், எந்தக் கடிதத்தின் நடுவில் நிற்கிறது என்று பாருங்கள். 29:11 ஒரு கடிதத்துக்குள் இருக்கிறது; பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதருக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதிய கடிதம் அது. அந்தக் கடிதம் ஏன் எழுதப்பட்டது என்று புரிய 27, 28ஆம் அதிகாரங்களும் வேண்டும். மூன்றும் சேர்ந்து 71 வசனங்கள். வாய்விட்டு வாசித்தாலும் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் வாசிப்பில் எதையும் கோடிட வேண்டாம்.

படி 2: பெயர்க் குழப்பத்தைத் தீருங்கள்

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். இந்த மூன்று அதிகாரங்களில் கவனிக்க வேண்டியவை இவை.

யோயாக்கீம் தகப்பன், யோயாக்கீன் மகன்; இருவரும் யூதாவின் ராஜாக்கள். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். மகனுக்கே எகொனியா, கோனியா என்ற பெயர்களும் உண்டு. 29:2இல் வரும் எகொனியா இவன்தான்.

29:3இல் வரும் சிதேக்கியா ராஜா. 29:21இல் வரும் சிதேக்கியா பாபிலோனில் இருந்த கள்ளத்தீர்க்கதரிசி. அவனோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆகாபுக்கும், யேசபேலின் கணவனான ஆகாப் ராஜாவுக்கும் தொடர்பில்லை. 28ஆம் அதிகாரத்து அனனியாவும் தானியேலின் நண்பன் அனனியா இல்லை.

27ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் யோயாக்கீமின் ஆட்சித் தொடக்கம் என்று இருக்கும். ஆனால் 3, 12ஆம் வசனங்களில் சிதேக்கியா ராஜாவாக இருக்கிறான். சம்பவம் நடந்தது சிதேக்கியாவின் காலத்தில் என்று எடுத்துக்கொண்டு மேலே செல்லுங்கள். பிரதியெடுப்பில் நேர்ந்த பிழை என்பது பெரும்பாலான விளக்கவுரைகளின் கருத்து.

படி 3: காலமும் இடமும்

2 இராஜாக்கள் 24:8-17ஐ வாசியுங்கள். யோயாக்கீன் பதினெட்டு வயதில் பட்டத்துக்கு வந்து மூன்று மாதமே ஆண்டான். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து அவனையும், பிரபுக்களையும், தச்சரும் கொல்லருமாக ஆயிரம் பேரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். எருசலேமும் ஆலயமும் அப்போது இடிக்கப்படவில்லை. அது நடந்தது சுமார் பதினொரு ஆண்டுகளுக்குப் பின். ஆகவே இந்தக் கடிதம் போனபோது ஆலயம் நின்றுகொண்டிருந்தது. "சீக்கிரம் திரும்பிவிடலாம்" என்ற எண்ணம் நியாயமாகவே தோன்றியது. இதைத் தவறவிட்டால் மீதி எல்லாமே பிசகிவிடும்.

சிறையிருப்பு என்றதும் கம்பிக்குள் அடைபட்ட கூட்டத்தைக் கற்பனை செய்யாதீர்கள். சிறைப்பட்டுப் போனவர்களில் ஒருவரான எசேக்கியேல் கேபார் நதியண்டையில், தன் சொந்த வீட்டில், மூப்பர்கள் சூழ இருந்ததைக் காண்கிறோம் (எசே. 3:15, 8:1). பாபிலோன் அகழாய்வில் கிடைத்த களிமண் பலகைகளில் யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து குமாரருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. வேரோடு பிடுங்கி வேறு மண்ணில் கொண்டுபோய் வைக்கப்பட்டவர்கள் இவர்கள். அங்கே வாழ வழி இருந்தது, ஊர் திரும்பத்தான் வழி இல்லை.

படி 4: உள்ளதை உள்ளபடி குறியுங்கள்

இப்போது பென்சிலை எடுங்கள். 29:1-14க்கு மட்டும் நான்கு கேள்விகள்.

யார் யாருக்கு? முதல் வசனமே பட்டியல் தருகிறது: மூப்பர்கள், ஆசாரியர்கள், தீர்க்கதரிசிகள், எல்லா ஜனங்கள். ஒரு தனி மனிதனின் வேலை, திருமணம், விசா பற்றிய கடிதம் இது இல்லை. ஒரு சமுதாயம் முழுமைக்குமானது.

என்ன கட்டளைகள்? 5 முதல் 7 வரை உள்ள வினைச்சொற்களை வட்டமிடுங்கள். வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள், கனியைச் சாப்பிடுங்கள், பெண் கொண்டு பெண் கொடுங்கள், பெருகுங்கள், பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள். எல்லாமே மெதுவாக நடக்கிற காரியங்கள். நட்ட மரம் காய்க்க ஆண்டுகள் ஆகும். பிள்ளைக்குக் கலியாணம் செய்துவைக்க அதைவிட அதிகம் ஆகும்.

என்ன எச்சரிப்பு? 8, 9ஆம் வசனங்கள்: உங்கள் நடுவிலுள்ள தீர்க்கதரிசிகளிடம் ஏமாந்துவிடாதீர்கள்.

என்ன வாக்குத்தத்தம், எப்போது? 10ஆம் வசனம்: எழுபது வருஷம் முடிந்தபின். அதன் பிறகுதான் 11 வருகிறது. கடிதத்தைக் கேட்ட நாற்பது வயதுக்காரர் ஒருவர் என்ன கணக்குப் போட்டிருப்பார் என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். அவர் திரும்பப்போவதில்லை. பேரப்பிள்ளைகள் திரும்பலாம்.

எழுபதை எங்கிருந்து எண்ணுவது என்பதில் பலர் மாட்டிக்கொள்வார்கள். அசீரியா ஒடுங்கிய கி.மு. 609இலிருந்து பாபிலோன் விழுந்த 539 வரை எண்ணுகிறவர்கள் உண்டு. ஆலயம் இடிந்த 586இலிருந்து அது மறுபடி கட்டி முடிந்த 516 வரை எண்ணுகிறவர்களும் உண்டு. பாடம் எடுக்க இந்த வழக்கு தீர வேண்டியதில்லை. கேட்டவர்களில் பெரும்பாலோரின் ஆயுளைத் தாண்டிய காலம் என்பதே நமக்கு வேண்டியது.

படி 5: முதலில் கேட்டவர்களின் முகத்தைப் பாருங்கள்

நான் மிக முக்கியமாக நினைப்பது இந்தப் படியைத்தான். பல கையேடுகளில் இதைக் காண்பதே இல்லை. இந்தப் பகுதியில் அதிர்ஷ்டவசமாக எதிர்வினையே பதிவாகியிருக்கிறது. 29:24-28ஐ வாசியுங்கள். பாபிலோனிலிருந்த செமாயா என்பவன் எருசலேமின் ஆசாரியனுக்குக் கடிதம் எழுதி, இந்த எரேமியாவை ஏன் கண்டிக்காமல் விட்டிருக்கிறாய் என்று கேட்கிறான். அவனுடைய புகார் என்ன? சிறையிருப்பு நெடுங்காலம் இருக்கும், வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டான் என்பதுதான். நாம் ஆறுதலாக ஃபிரேம் போட்டு மாட்டுகிற அதே கடிதம், அவர்களை ஆத்திரப்படுத்தியது.

எதிர்ப்பக்கம் 28ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அனனியா ஆலயத்தில், எல்லாருக்கும் முன்பாக, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்ப வரும் என்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். அதற்கு எரேமியா முதலில் சொன்னது "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்பது (28:6). அவருக்கும் அந்தச் செய்தி நிஜமானால் சந்தோஷம்தான். ஐந்தாம் மாதத்தில் பேசிய அனனியா ஏழாம் மாதத்தில் இறந்துபோனான்.

நீங்கள் எடுக்கும் பாடம் செமாயாவையும் சந்தோஷப்படுத்துமானால், எங்கோ தவறியிருக்கிறீர்கள்.

படி 6: அவர்களுக்கும் நமக்கும் உள்ள தூரம்

நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ஒற்றுமை, வலப்பக்கம் வேற்றுமை. வலப்பக்கத்தை முதலில் நிரப்புங்கள். இல்லாவிட்டால் அது காலியாகவே இருந்துவிடும்.

வேற்றுமை: அவர்கள் உடன்படிக்கையை மீறியதால் வந்த தண்டனையில் இருந்தார்கள் (எரேமியா 25:8-11ஐப் பாருங்கள்). துன்பத்தில் இருக்கும் இன்றைய விசுவாசியிடம் போய் "இது உன் பாவத்தின் பலன்" என்று சொல்ல இந்தப் பகுதி உரிமை தரவில்லை. அவர்களுக்குக் குறிப்பிட்ட தேசத்துக்குத் திரும்பும் வாக்கும், குறிப்பிட்ட காலமும் கொடுக்கப்பட்டன. நமக்கு அப்படித் தேதி தரப்படவில்லை. அவர்கள் விரும்பிப் போகவில்லை. வளைகுடாவுக்கு ஒப்பந்தத்தில் போனவரை அப்படியே "சிறைப்பட்டவர்" ஆக்கிவிடக் கூடாது.

ஒற்றுமை: அதே தேவன். தாமதிக்கிற நம்பிக்கை. வேறு நம்பிக்கையுள்ளவர்கள் நடுவில் வாழ்க்கை. இனிப்பாகப் பேசும் தீர்க்கதரிசனங்களின் கவர்ச்சி.

படி 7: ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

இரண்டு காலத்துக்கும் பொருந்துகிற ஒரு வாக்கியம், இருபது சொற்களுக்குள். வழக்கமாக முதலில் வருவது இப்படி இருக்கும்:

"தேவன் நம்மை ஆசீர்வதிப்பார்." இது பொதுவானது. எரேமியா 29 இல்லாமலே எழுதலாம்.

"தேவன் நாம் வீடு கட்ட விரும்புகிறார்." இது எழுத்தின்படி ஒட்டிக்கொண்டது. வீட்டுப் பிரதிஷ்டைக் கூட்டங்களில் 29:5 இப்படித்தான் பாடுபடுகிறது.

"நம் பாபிலோன் என்பது கவலை, நம் தோட்டம் என்பது ஜெபம்." கேட்க அழகாயிருக்கும். ஆனால் பகுதியில் அதற்கு ஆதாரமில்லை. நாளைக்கு வேறொருவர் தோட்டம் என்றால் தசமபாகம் என்பார்.

ஓரளவு சரியானது: "விடுதலை தேவன் குறித்த நேரத்தில் வரும் என்று நம்புகிறவர்கள், அதுவரை இருக்கிற ஊரில் வேரூன்றி, அந்த ஊரின் நலனுக்காக உழைத்து ஜெபிக்கவேண்டும்."

இதை மூன்று விதமாகச் சோதியுங்கள். வாக்கியத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் வசன எண் போட முடிகிறதா? (10, 5-6, 7: முடிகிறது.) அன்று கேட்டவர்கள் "ஆமாம், இதைத்தான் சொன்னார்" என்பார்களா? இன்று வசதியாக இருப்பவருக்கும் கஷ்டத்தில் இருப்பவருக்கும் ஒரே வாக்கியம் நிற்குமா? மூன்றில் ஒன்று தோற்றாலும் படி 4க்குத் திரும்புங்கள். படி 7ஐ மட்டும் திருத்திப் பயனில்லை.

படி 8: மற்ற வேதபகுதிகளோடு உரசிப் பாருங்கள்

இணைவசனங்களில் மூன்று, நான்கு போதும். 1 தீமோத்தேயு 2:1-2 அதிகாரிகளுக்காக ஜெபிக்கச் சொல்கிறது. 1 பேதுரு 2:11-17 சபையாரை அந்நியரும் பரதேசிகளும் என்று அழைத்துவிட்டு, நல்நடக்கையைக் கேட்கிறது. எபிரெயர் 11:13இல் வாக்குத்தத்தங்களை அடையாமல், தூரத்திலே கண்டு மரித்தவர்கள் வருகிறார்கள். அந்த நாற்பது வயதுக்காரருக்கு அங்கே ஓர் இடம் உண்டு.

பொருந்தாதது போலத் தெரியும் பகுதியையும் ஒன்று சேருங்கள். சங்கீதம் 137 அதே பாபிலோனை, அதே சிறைப்பட்டவர்களின் வாயால் சபிக்கிறது. அந்தக் கோபம் இருந்த நெஞ்சங்களிடம்தான் "அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள்" என்ற கட்டளை போனது. சத்துருக்களுக்காக ஜெபிக்கச் சொன்ன இயேசுவின் வார்த்தை (மத்தேயு 5:44) இங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. ஜெபம் என்றால் வாய்மூடி இருப்பதென்று முடிவுகட்டவும் வேண்டாம். ராஜாக்களை முகத்துக்கு நேராகக் கண்டித்தவர்தான் இதை எழுதினார்.

அப்படியானால் 29:11ஐ எனக்கென்று எடுத்துக்கொள்ளலாமா? தேவனுடைய மனம் எப்படிப்பட்டது என்பதை அதிலிருந்து தாராளமாக எடுக்கலாம். கால அட்டவணையை எடுக்க முடியாது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருப்பவரிடம் இந்த வசனத்தை வைத்து "அடுத்த மாதம் எழுந்து நடப்பீர்கள்" என்று சொன்னால், பேசுகிறவர் எரேமியா அல்ல, அனனியா.

படி 9: நாள், ஆள், செயல்

"ஊருக்காக அதிகமாக ஜெபிப்பேன்" என்று எழுதினால் இரண்டு வாரத்தில் மறந்துபோகும். இப்படி எழுதுங்கள்: "செவ்வாய்க்கிழமை காலை ஜெபத்தில் எங்கள் வார்டு கவுன்சிலரின் பெயரையும், தெருவில் தேங்கும் சாக்கடைத் தண்ணீரையும் சொல்லி ஜெபிப்பேன். சனிக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போவேன்." வெளியூரில் வாடகைக்கு இருந்துகொண்டு "ஊருக்குப் போனபின் ஒரு சபையில் சேரலாம்" என்று ஆண்டுகளைத் தள்ளுகிறவருக்குப் பயன்பாடு வேறு: இந்த ஞாயிறு பக்கத்துச் சபைக்குப் போய்ப் போதகரிடம் பெயர் கொடுப்பது. ஒரு வாரத்துக்கு ஒன்று போதும்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் நடத்துவதானால்

மொத்தம் 45 நிமிடம் என்றால், வாசிப்புக்கு 10, படி 4, 5க்கு 20, வாக்கியத்துக்கு 10, பயன்பாட்டுக்கு 5. பயன்பாட்டில் ஆரம்பித்தால் ஆளுக்கொரு சாட்சியோடு நேரம் போய்விடும், பகுதியை யாரும் திறந்திருக்கமாட்டார்கள். படி 3ஐ நீங்களே மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். 27, 28ஐ முந்தின வாரமே வாசித்து வரச் சொல்லுங்கள். பாதிப் பேர் வாசித்து வருவார்கள், அது போதும்.

அடுத்த பயிற்சிக்குப் பிலேமோன் (25 வசனங்கள்), பிறகு சங்கீதம் 13 (6 வசனங்கள்), பிறகு ரூத்தின் நான்கு அதிகாரங்கள். கடிதம், பாட்டு, கதை என மூன்று வகையும் இதில் வந்துவிடும். பாட்டில் படி 3க்கு அதிகம் கிடைக்காது, கதையில் கட்டளைகள் அரிதாகவே இருக்கும். அங்கே படி 4இன் கேள்விகளை அதற்கேற்ப மாற்றுங்கள். வெளிப்படுத்தின விசேஷத்தைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.